செத்த எச்81 போர்டும் ஒரு பயாஸ் சிப்பும்: கிளிப்போடு மல்லுக்கட்டு

டிஸ்ப்ளே வந்துவிட்டது. பயாஸ் (கம்ப்யூட்டரை எழுப்பிவிடும் முதல் மென்பொருள்) அப்டேட் பாதியில் கரண்ட் போய் உயிரை விட்ட எச்81 மதர்போர்டு இது. நான்காம் தலைமுறை ஐ3, டிடிஆர்3 ராம். பவர் பட்டனை அழுத்தினால் ஃபேன் சுற்றும், அவ்வளவுதான். பீப் இல்லை, திரையில் ஒன்றும் இல்லை, கீபோர்டில் நம் லாக் விளக்கு கூட எரியாது.

ராமை ரப்பரால் தேய்ப்பது, சிமாஸ் பேட்டரியைக் கழற்றி மாட்டுவது எல்லாம் இதைப் படிப்பவர்களுக்குத் தெரிந்த பாடம்தான். எஸ்எம்பிஎஸ்ஸில் (பவர் சப்ளை பெட்டி) ஊதா வயரில் 5 வோல்ட், ஆன் செய்ததும் சாம்பல் வயரில் 5 வோல்ட், பிராசசருக்குப் பக்கத்துச் சோக் காயில்களில் 1.8 வோல்ட்டை ஒட்டி. எல்லாம் சரி. முடிவு சொன்ன சோதனை ஒன்றுதான்: ஸ்பீக்கரை மாட்டி, ராமை முழுக்கக் கழற்றிவிட்டு ஆன் செய்வது. பயாஸ் உயிரோடு இருந்தால் ராம் இல்லை என்று பீப் அடித்துக் கத்தும். வோல்டேஜ் எல்லாம் ஒழுங்காக இருந்தும் கத்தவில்லை என்றால் பிராசசர் பயாஸின் முதல் வரியைக்கூட ஓட்டவில்லை என்று வைத்துக்கொள்ளலாம். அப்டேட் பாதியில் நின்ற கதையும் சேர்ந்துகொண்டால் சந்தேகம் நேராக பயாஸ் இருக்கும் அந்த எட்டுக் கால் சிப் மேல்தான். பிசிஐ ஸ்லாட்டில் செருகும் டீபக் கார்டை நம்பிப் பொழுதைப் போக்க வேண்டாம். புதிய போர்டுகள் பலவற்றில் போஸ்ட் கோடு (போர்டு எந்தப் படியில் நிற்கிறது என்று காட்டும் எண்) அந்த ஸ்லாட்டுக்கு வந்தே சேராது, கார்டு சும்மா இரண்டு பூஜ்ஜியத்தைக் காட்டிக்கொண்டிருக்கும்.

சிப் விண்பாண்ட் 25கியூ64. 64 மெகாபிட், அதாவது 8 எம்பி, 3.3 வோல்ட். எழுதும் கருவி எல்லோரிடமும் இருக்கும் அந்தக் கறுப்பு சிஎச்341ஏ.

இந்தக் கறுப்பு போர்டைப் பற்றி ஒரு புலம்பல். சிப்புக்குப் போகும் சப்ளை 3.3 வோல்ட்தான், அதில் குறையில்லை. ஆனால் சிஎச்341ஏ ஐசி ஓடுவது 5 வோல்ட்டில். அதனால் கிளாக், டேட்டா, செலக்ட் கால்கள் 5 வோல்ட்டை ஒட்டியே வெளியே தள்ளும். 25கியூ64-இன் எந்தக் காலிலும் சப்ளையைவிட 0.4 வோல்ட்டுக்கு மேல் போகக் கூடாது. “நான் பல சிப் எழுதிவிட்டேன், ஒன்றும் ஆகவில்லை” என்பவர்கள் உண்டு. கழற்றிய சிப்பில் தப்பிக்கலாம். போர்டில் இருக்கும்போதே கிளிப் (சிப்பின் எட்டுக் காலையும் கவ்விப் பிடிக்கும் இடுக்கி) போட்டால் அந்த 5 வோல்ட் போர்டின் முக்கிய ஐசியான சிப்செட்டுக்கும் போகும், போனால் போர்டே போய்விடும். மாற்று எளிது: ஐசியின் 28-ஆம் காலை நெம்பித் தூக்கி, அதையும் 9-ஆம் காலையும் ரெகுலேட்டரின் 3.3 வோல்ட் வெளியீட்டோடு சேர்த்துவிட வேண்டும். மெல்லிய எனாமல் வயர் ஒரு துண்டு போதும். முடித்ததும் கிளாக் காலை மீட்டரில் அளந்து 3.3-ஐத் தாண்டவில்லை என்று பார்த்த பிறகே சிப்பைத் தொட வேண்டும். (சிப்பில் எம்எக்ஸ்25யூ என்றோ ஜிடி25எல்கியூ என்றோ அச்சிட்டிருந்தால் அது 1.8 வோல்ட் ரகம். அதற்குத் தனி அடாப்டர் இல்லாமல் கிட்டே போகாதீர்கள்.)

இப்போது கிளிப். இந்தப் பதிவே அதைத் திட்டத்தான்.

சிவப்பு வயர் முதல் காலுக்கு, புள்ளி இருக்கும் மூலைக்கு. கால்களுக்கு இடையே 1.27 மில்லிமீட்டர்தான். பல்லில் ஒன்று அரை மில்லிமீட்டர் நகர்ந்தாலும் கதை கந்தல். போர்டு மேல் பழைய ஃப்ளக்ஸ் மெழுகு மாதிரிப் படிந்திருந்தால் பல் வழுக்கும். ஐபிஏவும் (ஐசோபுரொப்பைல் ஆல்கஹால்) பல் துலக்கும் பிரஷும் வைத்து முதலில் துடைக்க வேண்டும். கூட வரும் ரிப்பன் கேபிளை 15 சென்டிமீட்டருக்குள் வெட்டிச் சுருக்கினால் பாதித் தொல்லை தீரும். இவ்வளவுக்குப் பிறகும் ஃப்ளாஷ்ரோம் (சிப்பைப் படித்து எழுதும் மென்பொருள்) சிப்பே இல்லை என்றது. எல்லா பைட்டும் எஃப்எஃப், இல்லையென்றால் எல்லாம் பூஜ்ஜியம். ஒழுங்கான 25கியூ64 தன் அடையாளமாக ‘ஈஎஃப் 40 17’ என்று சொல்ல வேண்டும்.

காரணம் பல்லில் இல்லை, சப்ளையில். எட்டாம் காலில் 3.3 வோல்ட் கொடுத்தால் அது சிப்போடு நிற்பதில்லை. அதே லைனில் உட்கார்ந்திருக்கும் சிப்செட்டையும் மற்றவற்றையும் ஊட்டப் பார்க்கும். யூஎஸ்பியில் தொங்கும் ஒரு சின்ன ரெகுலேட்டருக்கு அவ்வளவு தெம்பு ஏது? கிளிப் போட்ட நிலையில் நான்காம் காலுக்கும் எட்டாம் காலுக்கும் நடுவே மீட்டர் வைத்தால் 2.5-ஐச் சுற்றித் தள்ளாடியது. சிப்புக்குக் குறைந்தது 2.7 வேண்டும். பிராசசர், ராம், பேட்டரி, எஸ்எம்பிஎஸ் வயர்கள் எல்லாவற்றையும் கழற்றியபின் 2.9 வந்தது. அடையாளமும் சரியாக வந்தது. சந்தோஷப்பட்டு எழுத ஆரம்பிக்கும் இடம் இதுதான், எழுதக் கூடாத இடமும் இதுதான். இரண்டு முறை படித்து, இரண்டு கோப்பின் ஷா256 மதிப்பையும் (கோப்பின் கைரேகை மாதிரி) ஒப்பிட்டால் வேறு வேறாக இருந்தது. அடையாளம் மூன்று பைட், கிளிப் எப்படியோ தப்பித்துக்கொள்ளும். 8 எம்பி முழுக்க ஒரு பிட் மாறாமல் வர வேண்டும் என்றால் முடியாது.

எனவே சிப்பைக் கழற்றுவதே வழி. இரண்டு பக்கக் கால்களிலும் ஈயம் கலந்த சாலிடரைத் தாராளமாக ஊற்றி, ஃப்ளக்ஸ் போட்டு, அயர்னை இரு பக்கமும் மாறி மாறி வைத்தால் சிப் தானே மிதந்து நகரும். ஹாட் ஏர் இருந்தால் 350 டிகிரி, காற்று குறைவாக, பக்கத்து பிளாஸ்டிக் சாக்கெட்டுகளுக்குக் காப்டன் டேப். முக்கியம், முதல் கால் எந்தப் பக்கம் என்று கழற்றும் முன்பே படம் எடுத்துவிடுங்கள். கழற்றிய சிப்பை ஸ்பிரிங் அடாப்டரில் வைத்துப் படித்தால் இரண்டு கோப்பும் அப்படியே ஒன்று. அடாப்டர் வாங்கும்போது 208 மில் (ஒரு மில் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அகலமா என்று கேட்டு வாங்க வேண்டும். கிட்டோடு வரும் 150 மில் அட்டையில் இந்தச் சிப்பின் கால்கள் வெளியே நிற்கும்.

ஹெக்ஸ் எடிட்டரில் திறந்ததும் நோய் கண்ணில் பட்டது. கடைசி 64 கேபி முழுக்க எஃப்எஃப். ஃப்ளாஷ் சிப்பில் எழுதும் முன் அந்த பிளாக்கை அழிக்க வேண்டும், அழித்தால் எல்லாம் எஃப்எஃப் ஆகும். அழித்ததற்கும் எழுதுவதற்கும் நடுவே கரண்ட் போயிருக்கிறது. பிராசசர் ஆன் ஆனதும் முதலில் போய்ப் படிப்பது 4 ஜிபி எல்லைக்குக் கீழே கடைசி 16 பைட்டை. அது இந்தச் சிப்பின் வால் நுனி. அங்கே ஒன்றும் இல்லாததால்தான் பீப் கூட வரவில்லை. மற்ற பகுதியெல்லாம் கல்லு மாதிரி இருந்தது.

பலர் இந்தக் கட்டத்தில் இணையத்தில் யாரோ போட்ட டம்ப்பை (சிப்பின் முழு நகல்) அப்படியே ஏற்றிவிடுவார்கள். வேண்டாம். முதல் 4 கேபியில் டிஸ்கிரிப்டர் (எந்தப் பகுதி எங்கே என்று சொல்லும் அட்டவணை), அதன் பின் இன்டெலின் எம்இ (சிப்செட்டுக்குள் ஓடும் தனி மென்பொருள்) பகுதி. எம்இ கெட்டுப்போனாலோ பொருந்தாவிட்டாலோ கம்ப்யூட்டர் ஓடும், ஆனால் 30 நிமிடத்தில் தானே அணைந்துவிடும். எஸ்எம்பிஎஸ் போச்சு என்று நினைத்து அதை மாற்றிக்கொண்டிருப்பீர்கள். இன்டெல் லேன் உள்ள போர்டில் மேக் முகவரியும் இதே சிப்பில்தான். பிராண்டட் கம்ப்யூட்டராக இருந்தால் விண்டோஸ் கீயும் இதில்தான் இருக்கும். அதனால் பழைய டம்ப்பின் முன் பகுதியை அப்படியே விட்டு, பயாஸ் பகுதியான கடைசி 6 எம்பியை மட்டும் தயாரிப்பாளரின் கோப்பிலிருந்து ஒட்டினேன். எது எங்கே தொடங்குகிறது என்பதை யூஇஎஃப்ஐடூல் என்ற மென்பொருள் காட்டிவிடும். தயாரிப்பாளரின் கோப்பு சரியாக 8388608 பைட் இருக்கிறதா என்று பாருங்கள். ஏசுஸ் போர்டுகளின் கேப் கோப்பு 2048 பைட் கூடுதலாக இருக்கும், அந்தத் தலைப்பை வெட்டிவிட வேண்டும்.

எழுதி, சரிபார்த்து, சிப்பை மறுபடி ஒட்டி, சிமாஸ் கிளியர் செய்து ஆன் செய்தால் முதலில் ஒரு தடவை அணைந்து தானே எழுந்தது. பதற வேண்டாம், ராமைப் பழகிக்கொள்கிறது. பிறகு லோகோ. ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடவிட்டும் அணையவில்லை, அதனால் எம்இ பற்றிய கவலையும் இல்லை.

உதிரி வாங்குவது பற்றி: மாற்றுச் சிப் ஒன்றிரண்டு கையில் இருப்பது நல்லது. சென்னை ரிச்சி தெருவில் கிடைக்கும், ஆனால் பழைய சிப்பைச் சுரண்டி மேலே வேறு எண் அடித்து விற்பதும் உண்டு. வாங்கியதும் அடையாளம் பார்த்து, கொள்ளளவு முழுக்க ஏதாவது எழுதிச் சரிபார்த்துவிட்டுப் பெட்டியில் போடுங்கள். 8 எம்பி என்று வாங்கியது 4 எம்பியாக இருந்தால் அப்போதே தெரிந்துவிடும். போர்டில் நேரடியாக ஒட்டும் எட்டுக் கால் சாக்கெட் ஒன்றும் தேடிக்கொண்டிருக்கிறேன். அது கிடைத்தால் இந்த போர்டில் இனி கிளிப்புக்கு வேலையே இல்லை.

இன்னும் முடியாதது ஒன்று. எந்த ஓஎஸ் எங்கே என்று சொல்லும் பூட் பட்டியலும் அதே சிப்பில் இருந்ததால் அழிந்துவிட்டது. சாட்டா மோடை (டிஸ்கோடு பேசும் முறை) ஏஎச்சிஐ என்று மாற்றியதும் விண்டோஸ் வந்துவிட்டது. மாற்றாமல் விட்டிருந்தால் 7பி என்ற பிழை எண்ணோடு நீலத் திரைதான். இஎஃப்ஐ பார்ட்டிஷனில் பொதுப் பெயரில் தன் பூட் கோப்பின் நகல் ஒன்றை அது வைத்திருப்பதால் பட்டியல் இல்லாமலும் பிழைத்துக்கொண்டது. இரண்டாவது டிஸ்கில் இருக்கும் லினக்ஸ் மின்ட் பட்டியலிலேயே இல்லை. லைவ் பென்டிரைவில் ஏறி இஎஃப்ஐபூட்எம்ஜிஆர் என்ற கட்டளை மூலம் பதிவு சேர்க்க வேண்டும். பென்டிரைவை யூஇஎஃப்ஐ முறையிலேயே பூட் செய்ய வேண்டும், பழைய லெகசி முறையில் ஏறினால் அந்தக் கட்டளை வேலை செய்யாது. அதை இந்த வாரக் கடைசியில் பார்க்க வேண்டும்.