மறுகால் பாயும் வாரம்

அக்டோபர் 21
காலையிலேயே மகன் கேட்டான்: "அப்பா, ஆரஞ்சு அலர்ட்டுன்னா லீவு உண்டா?" பாதி ஊருக்கு அந்த அளவுக்குத்தான் தெரியும். எனக்கும் ரொம்ப நாள் அப்படித்தான். 24 மணி நேரத்தில் 7 முதல் 11 செ.மீ. வரை பெய்தால் கனமழை, 12 முதல் 20 வரை மிகக் கனமழை, 20-ஐத் தாண்டினால் அதி கனமழை என்று ஒரு தாளில் எழுதி பிரிட்ஜில் ஒட்டினேன். லீவு இல்லை என்றதும் தாளை அவன் ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

அக்டோபர் 22
மொட்டை மாடியில் பழைய பெயிண்ட் டப்பாவை வைத்திருந்தேன். வாளி ஆகாது, அது மேலே அகன்றிருக்கும், கணக்கு தப்பும். காலை எட்டரைக்கு ஸ்கேலை விட்டால் 4 செ.மீ. வானிலைக்காரர்களின் நாளும் எட்டரைக்கு எட்டரைதான்.

அப்புறம் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ஒரு சென்ட் இடத்தில் 1 செ.மீ. மழை என்றால் 400 லிட்டர். 2023 டிசம்பர் 18 காலையோடு முடிந்த ஒரே நாளில் காயல்பட்டினத்தில் 95 செ.மீ. அப்படியானால் சென்டுக்கு 38,000 லிட்டர். பெரிய தண்ணீர் லாரியில் மூன்று லோடு, ஒவ்வொரு சென்டிலும்! எந்தச் சாக்கடை தாங்கும்?

அக்டோபர் 24
குளத்துக்கரைக்குப் போனேன். குளம் நிரம்பி, மிஞ்சிய தண்ணீர் வெளியேறுகிறது, அதாவது மறுகால் பாய்கிறது. மடை பார்க்கும் அண்ணாச்சி கரையின் வெளிச்சரிவில் குத்தவைத்து, நண்டுவளை மாதிரி ஓர் ஓட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். அதிலிருந்து விரல் தடிமனுக்குத் தண்ணீர். உள்ளங்கையில் ஏந்தி என்னிடம் நீட்டினார். செம்மண் நிறம்.

"தெளிவாக் கசிஞ்சா கரை வேர்க்குதுன்னு விட்டுரலாம் தம்பி. கலங்கி வந்தா கரையே கரைஞ்சு வருதுன்னு அர்த்தம்."

ஓட்டையை அடைக்கப்போகிறார் என்று நினைத்தேன். இல்லை. வாயை அடைத்தால் தண்ணீர் வேறு இடத்தில் பிய்த்துக்கொண்டு வருமாம். பருமணலைக் கொட்டி, அதன்மேல் ஜல்லி. தண்ணீர் வரலாம், மண் வரக்கூடாது. நாலு பேர் சேர்ந்து சுமந்தோம். இடுப்பு விட்டுப்போயிற்று.

"எனக்கு நம்ம குளத்தப் பத்தி பயமில்ல. மேல இருக்கிற குளத்த நினைச்சாத்தான் தூக்கம் வரல" என்றார். அவர் சொல்வது சரிதான். நம் பக்கத்துக் குளங்கள் சங்கிலி. மேல்குளத்து மறுகால்தான் கீழ்க்குளத்துக்கு வரத்து. மேலே ஒன்று உடைந்தால் அந்தத் தண்ணீர் மொத்தமும் அடுத்த கரையில் போய் முட்டும். நம் டப்பாவில் ஒரு சொட்டு விழாத நாளிலும் அது நடக்கலாம்.

அக்டோபர் 25
டவுனுக்கு ஒரு வேலையாகப் போனேன். சுள்ளென்று வெயில். ஆனால் தாமிரபரணி செக்கச்செவேல் என்று போகிறது, குறுக்குத்துறை முருகன் கோவிலைச் சுற்றித் தண்ணீர். மழை மேலே மாஞ்சோலை மலைப் பக்கம். பாலத்தில் செல்ஃபிக் கூட்டம். வெயிலைப் பார்த்துவிட்டு இரண்டு பேர் துண்டும் சோப்புமாகப் படித்துறைக்கு இறங்கினார்கள். சத்தம் போட்டேன், முறைத்தார்கள்.

அக்டோபர் 26
நேற்று அடுத்தவருக்குப் புத்தி சொன்னவன் இன்று செய்த காரியம் இது. மறுகால் தண்ணீர் ரோட்டைத் தாண்டிக்கொண்டிருந்தது. கணுக்காலுக்கு மேல் கொஞ்சம், அவ்வளவுதானே என்று பைக்கை விட்டேன். பாதியில் பின்சக்கரம் தானாக இடதுபக்கம் நகர்ந்தது. ஒரு சாண் ஆழம்கூட இருக்காது, ஆனால் ஓடுகிற தண்ணீர் ஆளையே தள்ளும். எதிரே வந்த பால்காரர் கேரியரைப் பிடித்து இழுத்திருக்காவிட்டால் பைக் வயலுக்குள். சைலன்ஸரில் தண்ணீர், மெக்கானிக்குக்கு 600 ரூபாய். வீட்டில் 'பஞ்சர்' என்று சொல்லியிருக்கிறேன்.

அக்டோபர் 27
மத்தியானம் இடி. மின்னலுக்கும் சத்தத்துக்கும் இடையில் மகன் எண்ணினான், ஒன்பது. மூன்று விநாடிக்கு ஒரு கிலோமீட்டர். துணி எடுக்க மாடிக்கு யாரும் போகவில்லை, நனையட்டும்.

அக்டோபர் 28
டப்பாவில் அரை செ.மீ.கூட இல்லை. ஒன்பது மணிக்கு அண்ணாச்சி போன். "கசிவு தெளிஞ்சிட்டு தம்பி." மேல்குளம் எப்படி என்றேன். அங்கேதான் சைக்கிளில் போய்க்கொண்டிருக்கிறாராம்.