பார் பிராக்டிகல் அரியர்: ஒரு சர்க்கரைக் கட்டி என்னைக் கவிழ்த்த கதை

போன வாரம் ரிசல்ட் வந்தது. ஹோட்டல் மேனேஜ்மென்ட் படிப்பில் எஃப் அண்ட் பி சர்வீஸ் (உணவும் பானமும் பரிமாறும் பாடம்) பிராக்டிகல், பாஸ். ஒரே ஒரு அரியருக்காக ஆறு மாதம் சொந்தக்காரர்கள் முகத்தில் முழிக்காமல் இருந்தேன். இனி கல்யாண வீடுகளுக்குப் போகலாம்.

முதல் முறை நான் எடுத்த சீட்டில் வந்தது ஷாம்பெயின் காக்டெய்ல். பார்த்ததும் உள்ளூரச் சிரித்துக்கொண்டேன். ஷேக்கர் இல்லை, வடிகட்டி இல்லை, ஐஸ்கூட இல்லை. ஐ.பி.ஏ. (சர்வதேச பார்டெண்டர்கள் சங்கம்) அளவு மனப்பாடம்: சர்க்கரைக் கட்டி 1, அங்கோஸ்டுரா பிட்டர்ஸ் (கசப்பு மூலிகைச் சாறு) 2 டேஷ் (ஒரு டேஷ் என்றால் சில சொட்டு), காக்னாக் (பிரெஞ்சு பிராந்தி) 10 மில்லி, குளிர்ந்த ஷாம்பெயின் 90 மில்லி, ஆரஞ்சுத் தோல், செர்ரி. பக்கத்தில் நின்றவனுக்கு முட்டை வெள்ளை போட்டுக் குலுக்கும் பானம் வந்திருந்தது. அவனைப் பார்த்துப் பாவப்பட்டேன். அவன் அன்றே பாஸ்.

எங்கள் லேபில் மூன்று வருடமும் பிராந்திக்குப் பதில் பால் சேர்க்காத டீ, ஷாம்பெயின் மாதிரி குமிழி எழும் ஸ்பார்க்ளிங் ஒயினுக்குப் பதில் சோடா. நிஜ பாட்டிலைத் தேர்வு நாளில்தான் முதன்முதலாகக் கையில் தொட்டேன். சோடா நுரை எழுந்த வேகத்தில் அடங்கிவிடும். ஒயினில் திராட்சையிலிருந்து வந்த புரதமும் இன்னபிறவும் இருப்பதால் நுரை அடங்காமல் நின்று ஏறும். அதுவும் சர்க்கரைக் கட்டியின் சொரசொரப்பில் காற்று ஒளிந்திருக்கும். ஒவ்வொரு பொத்தலிலிருந்தும் குமிழி புறப்படும். எனக்கு இது எதுவும் தெரியாது. சோடாவை ஊற்றும் பழக்கத்தில் 90 மில்லியையும் ஒரே மூச்சில் கட்டியின் தலையில் கவிழ்த்தேன். பொங்கல் பானை தோற்றது. கிளாஸ், என் கை, ட்ரே துணி, கடைசியில் எக்ஸ்டர்னலின் (வெளியிலிருந்து வந்த தேர்வாளரின்) மதிப்பெண் தாள் வரை நனைந்தது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. தாளை ஓரமாக எடுத்து உதறினார். அதோடு நான் காலி.

வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) இன்னொரு அடி. "கையில இருக்கிறது ஷாம்பெயினா?" என்றார். "யெஸ் சார்." பாட்டிலில் நாசிக் என்று கொட்டை எழுத்தில் இருந்தது. பிரான்சில் ஷாம்பெயின் வட்டாரத்தில் செய்தது மட்டும்தான் ஷாம்பெயின் என்று முதல் வருடமே படித்திருக்கிறேன். பதற்றத்தில் வாய் முந்திக்கொண்டது.

அரியருக்கு வீட்டில் தயாராவதென்று முடிவு செய்தேன். அம்மா வீட்டில் பாட்டில் நுழையவே முடியாது. பெங்களூரில் அக்கா வீட்டுக்குப் போனேன். சூலா ப்ரூட் (நம் ஊர் ஸ்பார்க்ளிங் ஒயின்) ஒன்று, கால் பாட்டில் பிராந்தி ஒன்று. நல்ல காக்னாக் வாங்க வசதியில்லை. நம் ஊர் பிராந்தியில் பெரும்பகுதி கரும்பு மொலாசஸில் வடித்த ஸ்பிரிட். காக்னாக்கோ திராட்சை ஒயினைச் செம்புப் பானையில் இரண்டு முறை வடித்து, மரப்பீப்பாயில் குறைந்தது 2 வருடம் வைத்தது. வாசனை வேறு, நாக்கில் தங்கும் விதம் வேறு. ஆனால் 10 மில்லியை ஜிகரில் (அளவுக் கோப்பையில்) கை நடுங்காமல் அளந்து பழக எந்த பிராந்தியும் போதும்.

கணக்குப் பார்த்தால் 750 மில்லி பாட்டிலில் எட்டுக் கிளாஸ். தினமும் ஒரு பாட்டில் உடைக்க நம்மால் முடியுமா? நான் பாதி அளவில் பழகினேன்: அரைக் கட்டி, பிட்டர்ஸ் ஒரு டேஷ், பிராந்தி 5, ஒயின் 45. பாட்டிலைத் திறந்தால் அன்றும் மறுநாளும் முடித்துவிட வேண்டும், கிளிப் மூடி போட்டு ஃபிரிட்ஜில் வைத்தாலும் சரி. பாட்டில் வாயில் வெள்ளிக் கரண்டி தொங்கவிட்டால் கேஸ் போகாது என்று எங்கள் சீனியர் ஒருவர் அடித்துச் சொல்வார். சும்மா. செய்து பார்த்தேன்.

பழகிய கிளாஸ்களையெல்லாம் அத்தான்தான் காலி செய்தார். மூன்றாவது நாள், "இன்னும் எத்தனை நாள் படிக்கணும் நீ?" என்று அக்கறையாகக் கேட்டார். அக்கா முறைத்தாள்.

இப்போது நான் செய்யும் முறை. இதை மட்டுமாவது மனதில் வைத்துக்கொள்ளுங்கள்:

- சர்க்கரைக் கட்டியைக் கிளாஸில் போட்டபின் பிட்டர்ஸ் ஊற்றாதீர்கள். நாப்கின் மேல் வைத்து இரண்டு டேஷ் விடுங்கள். மிச்சத்தை நாப்கின் குடித்துக்கொள்ளும். பிறகு இடுக்கியால் எடுத்துக் கிளாஸில் இறக்குங்கள்.
- பிராந்தியை ஊற்றிவிட்டுப் பத்து விநாடி சும்மா நில்லுங்கள். கட்டி நனையட்டும். காய்ந்த கட்டியில்தான் நுரை வெறிபிடித்து எழும்.
- கிளாஸைச் சாய்த்து, ஓரமாக முதலில் 30 மில்லி மட்டும். நுரை ஏறி இறங்கும்வரை காத்திருங்கள். அப்புறம் மிச்சம்.
- கலக்காதீர்கள். கட்டியை இடிக்காதீர்கள்.

மூன்றாவதுதான் உயிர். தேர்வில் நேரம் போகிறதே என்று தோன்றும்; போகட்டும். எனக்கு இருப்பது பயந்த சுபாவம், அதனால் காத்திருப்பது சுலபமாக வந்தது. துறுதுறுவென்று இருப்பவர்கள் மனதுக்குள் இருபது வரை எண்ணுங்கள்.

ஒயின் குளிராக இருந்தால் பாதிப் பிரச்சினை வராது. சூடு ஏற ஏற கரியமில வாயு திரவத்தில் தங்காது. பாட்டிலை 6 முதல் 8 டிகிரிக்குக் கொண்டுவர, பாதி ஐஸ் பாதித் தண்ணீர் விட்ட வாளியில் அரை மணி நேரம். வெறும் ஐஸில் சொருகினால் பாட்டிலைச் சுற்றி இடையிடையே காற்று இருக்கும், சீக்கிரம் குளிராது. ஃப்ரீசர் வேண்டாம், மறந்துவிட்டால் வெடிக்கும். உள்ளே சுமார் 6 வளிமண்டல அழுத்தம், கார் டயரில் இருப்பதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். கார்க்கைக் கட்டியிருக்கும் கம்பியை ஆறு அரைச்சுற்று தளர்த்தும் நேரம் முழுக்கக் கட்டைவிரல் கார்க் மேலேயே இருக்கட்டும். பாட்டிலை 45 டிகிரி சாய்த்து, கார்க்கை அசையாமல் பிடித்துக்கொண்டு பாட்டிலைத் திருப்புங்கள். 'டப்' சத்தம் கேட்டால் எக்ஸ்டர்னல் மதிப்பெண் குறைப்பார். பெருமூச்சு மாதிரி ஒரு 'உஸ்', அவ்வளவுதான் வர வேண்டும்.

கிளாஸ் விஷயம் ஒன்று. குமிழிகள் வரிசையாக எழுவது கிளாஸில் ஒட்டியிருக்கும் கண்ணுக்குத் தெரியாத துணி நாரிலிருந்தும் தூசியிலிருந்தும்தான் என்று ரெய்ம்ஸ் பல்கலைக்கழகத்தின் ஜெரார் லிஜே-பெலேர் காட்டியிருக்கிறார். அதனால் பஞ்சு உதிரும் துணியில் துடைத்த கிளாஸ் கன்னாபின்னாவென்று நுரைக்கும். சோப்பு மிச்சமிருந்தால் நுரை அடங்கிவிடும். நான் வெந்நீரில் அலசிக் கவிழ்த்துக் காயவைத்து எடுத்துப்போனேன்.

வைவாவுக்கு என்னிடம் கேட்டவை, தோழிகளிடம் கேட்டவை, கலந்து:

ஏன் கலக்கக் கூடாது? கேஸ் போய்விடும். கட்டி மெதுவாகக் கரைவதால் முதல் வாய் இனிப்பில்லாமலும், கடைசி வாய் இனிப்பாகவும் இருக்கும். இந்தப் பானத்தின் அழகே அந்த மாற்றம்தான்.

பிராந்தி எப்போதும் இருந்ததா? இல்லை. 1862இல் அமெரிக்க பார்டெண்டர் ஜெரி தாமஸ் அச்சிட்ட குறிப்பில் சர்க்கரை, பிட்டர்ஸ், எலுமிச்சைத் தோல், உடைத்த ஐஸ், ஒயின் மட்டும்தான். போதாக்குறைக்கு 'நன்றாகக் குலுக்கவும்' என்று வேறு எழுதியிருக்கிறார். அதைப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

அங்கோஸ்டுரா? 1824, வெனிசுலா, பொலிவாரின் படையில் மருத்துவராக இருந்த ஸீகர்ட் என்ற ஜெர்மானியர். அங்கோஸ்டுரா என்பது ஊர்ப் பெயர், இன்று சியுடாட் பொலிவார். இப்போது தயாரிப்பது டிரினிடாடில். ஆல்கஹால் 44.7 சதவீதம்.

சீட்டில் ஃப்ரெஞ்ச் 75 என்ற இன்னொரு காக்டெய்ல் வந்தால்? ஐ.பி.ஏ.வில் ஜின். காக்னாக் போடும் வழக்கமும் உண்டு, நியூ ஆர்லியன்ஸில் அப்படித்தான். பெயர் பிரெஞ்சு ராணுவத்தின் 75 மி.மீ. பீரங்கியிலிருந்து வந்தது. எலுமிச்சைச் சாறு இருப்பதால் முதலில் குலுக்கி, வடித்து, ஒயினைக் கடைசியில் சேர்க்க வேண்டும். ஒயினையும் ஷேக்கரில் போட்டுவிடாதீர்கள். எங்கள் பேட்ச்சில் ஒருத்தி போட்டாள். மூடி உத்தரத்தில் அடித்தது.

இரண்டாம் முறை எனக்கு வந்ததும் அதே சீட்டு. எக்ஸ்டர்னல் மட்டும் வேறு ஆள். 30 மில்லி ஊற்றிவிட்டு நான் நின்றபோது, "என்னம்மா, முடிஞ்சுதா?" என்றார். "இல்ல சார், நுரை இறங்கட்டும்" என்றேன். கிளாஸை வெளிச்சத்தில் தூக்கி, கட்டியிலிருந்து நூல் பிடித்ததுபோல் ஏறும் குமிழியைப் பார்த்தார். எழுதினார். அடுத்த நம்பரைக் கூப்பிட்டார்.

சொல்ல மறந்தது: கட்டிச் சர்க்கரையை லேபில் நம்பாதீர்கள், ஈரத்தில் பாதி உதிர்ந்திருக்கும். நான் டப்பாவில் நான்கு கொண்டுபோனேன். போய்ச் சேரும்போது மூன்றுதான் முழுசாக இருந்தன.