செங்கல் சுவருக்குப் பெயின்ற் அடிப்பதா, விடுவதா?

எங்கள் வீட்டின் வெளிச்சுவர் பூசாத செங்கல். உள்பக்கமும் முன் விறாந்தையும் பூசிப் பெயின்ற் அடித்து ஒழுங்காகத்தான் இருக்கின்றன, ஆனால் பக்கச் சுவர்கள் இரண்டும் பின்சுவரும் கட்டிய நாளில் இருந்த மாதிரியே சிவப்பாக நிற்கின்றன. ஆவணியில் மகளுக்குக் கல்யாணம். எங்கள் பக்க வழக்கம் தெரியும்தானே, வீடு பெண்பிள்ளைக்கு, மருமகன்தான் இங்கே வந்து இருக்கப் போகிறார். அம்மா எனக்குத் தந்த வீடு இது, நான் மகளுக்குக் கொடுக்கப் போகிறேன். அதனால் இந்தச் சுவரைப் பற்றி ஆளாளுக்கு ஒரு கருத்து.

பெரியம்மாவுக்கு இது மானப் பிரச்சினை. "மாப்பிள்ள வீட்டாக்கள் வந்து பாத்தா வேலை முடியாத வீடெண்டுதான் நினைப்பாங்க மனே, கல்யாணத்துக்கு முதல் பெயின்ற அடிச்சு விடு, மறுகா என்னவும் செய்யலாம்" என்கிறா. அவவைப் பிழை சொல்ல முடியாது. மட்டக்களப்பில் செங்கல் தெரிய நிற்கும் வீடென்றால் பூச்சுக்குக் காசு முடிந்துபோன வீடு என்றுதான் அர்த்தம், நகரத்துப் பெரிய வீடுகளில் அழகுக்கென்று கல்லை விட்டுக் கட்டுவது எல்லாம் அண்மையில் வந்தது. எங்கள் வீடும் அப்படித்தான் நின்றுபோனது. 1978 நவம்பர் 23 சூறாவளியில் பழைய மண்வீடு போன பிறகு, அப்பா கொஞ்சம் கொஞ்சமாகக் காசு சேர்த்து, வாவிக்கு மேற்கே படுவான்கரைப் பக்கமிருந்து கல் எடுப்பித்துக் கட்டிய வீடு. கூரைக்கு ஓடு போட்டதும் கையில் இருந்தது முடிந்துவிட்டது, பிறகு நாட்டு நிலைமை, வெளிப்பூச்சைப் பற்றி யோசிக்க யாருக்கு நேரம் இருந்தது.

ரொறன்ரோவில் இருக்கும் தங்கச்சி படம் படமாக அனுப்புகிறாள். "அக்கா, இங்க செங்கல் வீட்டுக்கு வெள்ளைப் பெயின்ற் அடிக்கிறாங்க, எவ்வளவு வடிவா இருக்கு பாருங்க, காசு நான் அனுப்புறன்." வடிவுதான், மறுக்கவில்லை. பெயின்ற் கடையிலோ, வெளிச்சுவர்ப் பெயின்ற் இரண்டு கோட் அடித்தால் தண்ணீர் சொட்டும் உள்ளே போகாது என்று அடித்துச் சொல்கிறார்கள்.

நான் அடிக்கப் போவதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். ஏன் என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிக் களைத்துவிட்டேன், அதனால் இங்கே முழுவதையும் எழுதுகிறேன், பூசாத கல்வீடு வைத்திருக்கிற மற்றவர்களுக்கும் உதவட்டும்.

முதலில் எங்கள் இடத்தைப் பாருங்கள். களுவாஞ்சிகுடிப் பக்கம், ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி, நடுவில் மணல். காற்றில் உப்பு, நிலத்தில் உப்பு, சில கிணறுகளில் தண்ணீரே சவர். அந்தக் காலத்தில் அந்தச் சவர்த் தண்ணீரில்தான் கலவையும் குழைத்தார்கள், ஆகவே சுவர் கட்டும்போதே உப்பு உள்ளே போய்விட்டது. ஐப்பசி கடைசியில் தொடங்கி மார்கழி, தை வரைக்கும் வாடைக்காற்றோடு மழை அடிக்கும். எங்கள் ஆண்டு மழையில் பெரும்பங்கு இந்த இரண்டு மூன்று மாதத்துக்குள் கொட்டி முடிகிறது. கல்லு அவ்வளவையும் குடிக்கும். பிறகு மழை விட்டு வெயில் ஏற ஏற, குடித்த தண்ணீரைச் சுவர் வெளியே விடும், வைகாசிக்குப் பிறகு கச்சான் என்கிற வறண்ட தென்மேற்குக் காற்று வீசத் தொடங்கினால் சுவர் காய்ந்து கட்டையாகிவிடும். இவ்வளவு வருடமும் இந்தச் சுவர் தாக்குப்பிடித்ததற்குக் காரணம் அதுதான், நனைந்ததைக் காயவைக்க அதற்கு வழி இருந்தது.

தண்ணீர் வெளியே வரும்போது தனியாக வருவதில்லை, கல்லுக்குள் இருக்கும் உப்பையும் கரைத்துக்கொண்டு வரும். தண்ணீர் ஆவியாகிப் போக, உப்பு மேலே வெள்ளையாகப் பூத்து நிற்கும். எங்கள் வடக்குச் சுவரில் தை, மாசியில் இதைப் பார்க்கலாம், தொட்டால் மாவாக ஒட்டும். பார்க்க அசிங்கம், ஆனால் ஆபத்தில்லை. காய்ந்த பிரஷ்ஷால் தட்டிவிட்டால் போகும். தண்ணீர் ஊற்றிக் கழுவாதீர்கள், உப்புக் கரைந்து திரும்பவும் கல்லுக்குள்ளேயே போகும்.

இதே சுவரில் பெயின்ற் இருந்தால் என்ன நடக்கும்? கடையில் வெளிச்சுவருக்கென்று விற்கிற அக்ரிலிக் எமல்சன் எல்லாம் சுவரின் மேல் ஒரு தோலாகப் படிகிறது. மழை அந்தத் தோலை ஊடுருவாது என்பது சரிதான். ஆனால் தண்ணீர் சுவரின் முகத்தால் மட்டுமா வருகிறது? நிலத்திலிருந்து ஏறுகிறது, அத்திவாரத்துக்கு மேலே தார் பூசி ஈரத்தை மறிக்காத பழைய வீடென்றால் ஒரு மீற்றர் உயரம் வரைக்கும் ஏறும். ஓட்டுக்கு இடையால், கூரைத் தண்ணீர் ஓடுகிற பீலி உடைந்த இடத்தால், யன்னல் நிலைக்கும் கல்லுக்கும் இடையில் இருக்கும் மயிரிழை வெடிப்பால் எல்லாம் உள்ளே போகும். போனது திரும்பி வரும்போதுதான் தோல் மறிக்கிறது. உப்பும் அங்கேயே, பெயின்ற்றுக்குப் பின்னால், கல்லின் துளைகளுக்குள் பளிங்காக வளர்கிறது. வளர இடம் வேண்டுமே, அதனால் கல்லின் முகத்தையே நெட்டித் தள்ளுகிறது. சாதாரண கறியுப்பு காற்றின் ஈரப்பதம் 75 வீதத்தைத் தாண்டினால் ஈரத்தை இழுத்துக் கரையும், அதற்குக் கீழே இறங்கினால் மறுபடி பளிங்காகும். எங்கள் ஊரில் இரவு அதைத் தாண்டும், கச்சான் அடிக்கிற பகலில் கீழே இறங்கும். அதாவது உப்பு கரைவதும் வளர்வதும் நாள்தோறும் நடக்கிற வேலை.

எங்கள் ஒழுங்கையில் ஒரு வீட்டில் இதைக் கண்ணால் பார்த்தேன். பழைய செங்கல் சுவர், மேலே நேராகப் பெயின்ற், அடித்த புதிதில் ஊரே நின்று பார்த்தது. இரண்டு மாரி போனது, கீழ்ப்பகுதி முழுக்கக் கொப்புளம். கொப்புளத்தை உரித்தால் பெயின்ற்றோடு சேர்ந்து கல்லின் முகமும் சிவப்புத் தூளாகக் கையோடு வந்தது. இனி அந்த வீட்டுக்காரர் என்ன செய்வது? சுரண்டி எடுத்தால் கல்லும் போகும். மெசின் வைத்து மணல் அடித்து எடுத்தால் இன்னும் மோசம், சூளையில் வெந்து இறுகிய மேல்தோல் போய் உள்ளே இருக்கிற மெதுவான பகுதி மழைக்குத் திறந்துவிடும். எங்கள் பக்கத்துப் பழைய கல் கையால் அறுத்து விறகிலும் உமியிலும் சுட்டது, எல்லாக் கல்லும் ஒரே மாதிரி வெந்திருக்காது, சூளையின் ஓரத்தில் இருந்த கல் பச்சையாகவே இருக்கும். அந்தக் கல்தான் முதலில் போகும்.

தங்கச்சி அனுப்புகிற படங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும், அவள் கோபித்தாலும் பரவாயில்லை. கனடாவில் இப்போது கட்டுகிற வீடுகளில் செங்கல் என்பது வீட்டைத் தாங்குகிற சுவரே இல்லை. உள்ளே மரச்சட்டத்தில் வீடு நிற்கிறது, வெளியே ஒரு வரிசைக் கல், இரண்டுக்கும் இடையில் காற்றுக்கு இடைவெளி, அடிவரிசையில் தண்ணீர் வடிய ஓட்டை. நனைந்த தண்ணீர் பின்பக்கத்தால் இறங்கிப் போய்விடும். அப்படிக் கட்டியும்கூட, பெயின்ற் அடித்தால் உள்ளே நின்ற ஈரம் குளிரில் உறைந்து கல்லை வெடிக்கப் பண்ணும் என்று அங்கே அடிப்பதற்கு முன் யோசிக்கச் சொல்கிறார்கள். எங்களுடையது ஒன்பது அங்குலச் சுவர், வெளியே தெரிகிற அதே சுவரின் மறுபக்கத்தில்தான் மகளின் கட்டில் கிடக்கிறது. வெளியே போக முடியாத ஈரம் அறைக்குள்ளேதான் வரும். ஏற்கெனவே அந்த அறையில் மட்டும் சுவரின் அடியில் பூச்சு உதிர்கிறது.

நிறம் வேண்டவே வேண்டும் என்றால் சுண்ணாம்பு இருக்கிறது. அம்மா காலத்தில் வெள்ளையடித்ததெல்லாம் அதுதான். நீற்றின சுண்ணாம்பு காற்றிலுள்ள காபனீரொட்சைட்டைப் பிடித்துத் திரும்பவும் கல்லாகிறது, துளைகளை அடைக்காது, ஈரம் அதன் ஊடாகப் போய்வரும். பால் பதத்தில் கரைத்து, சுவரை முதலில் நனைத்து, மெல்லிய கோட்டாக மூன்று நான்கு தரம் அடிக்க வேண்டும். தடிப்பாக ஒரே தரத்தில் அப்பினால் செதில் செதிலாகக் கழரும். கச்சான் அடிக்கிற நேரம் வெயிலுக்குள் அடித்தால் இறுக முதலே காய்ந்து மாவாகிவிடும், விடிய வெள்ளென அடித்து, பிறகும் இடைக்கிடை தண்ணீர் தெளித்துவிட வேண்டும். சில வருடத்துக்கு ஒருமுறை திரும்ப அடிக்கத்தான் வேண்டும். அதற்கென்ன, உரிக்கத் தேவையில்லை, மேலேயே அடிக்கலாம். முருகைக்கல்லைச் சுட்டு எடுக்கிற கடற்கல் சுண்ணாம்பைத் தேடிப் போகாதீர்கள், முருகைக்கல் அகழ்வது சட்டப்படி தடை, தடையும் நல்லதுக்குத்தான், முருகைக்கல் போனால் கரையும் போகும். கடைகளில் பையில் வருகிற சுண்ணாம்பு போதும்.

ஜேர்மனியில் அடோல்ப் வில்ஹெல்ம் கைம் என்பவர் 1878 இல் காப்புரிமை எடுத்த சிலிக்கேற் பெயின்ற் என்று ஒன்றும் இருக்கிறது. கல்லோடு வேதியியல் முறையில் பிணைந்து, ஈரத்தையும் விடும். எங்கள் கடைகளில் நான் கண்டதில்லை, அதனால் அந்தப் பேச்சை அதோடு விட்டுவிட்டேன்.

இன்னொன்று, காலம். தைப்பொங்கலுக்கு வீட்டுக்கு நிறம் அடிக்கிற பழக்கம் நல்ல பழக்கம்தான், வீடு புதுசாகத் தெரிய வேண்டும், பிள்ளைகளுக்குச் சந்தோசம். ஆனால் யோசித்துப் பாருங்கள், வருடத்திலேயே சுவர் அதிகமாகத் தண்ணீர் குடித்து நிற்கிற நாட்கள் அவை. அடித்த பெயின்ற் சித்திரைக்குள் கொப்பளிக்கிறதென்று கம்பனியைத் திட்டி என்ன பயன்? உள்பக்கம் அடித்துக்கொள்ளுங்கள், வெளிப்பக்கத்தை ஆனி, ஆடிக்கு விடுங்கள். சுவர் காய்ந்துவிட்டதா என்று தெரியாவிட்டால் ஒரு பொலித்தீன் துண்டை நாலு பக்கமும் ரேப் ஒட்டி ஒரு நாள் முழுக்க விட்டுப் பாருங்கள், உள்பக்கம் வேர்த்திருந்தால் இன்னும் காயவில்லை.

இதைப் படித்துவிட்டுப் பெயின்ற்றே கூடாது என்று நான் சொன்னதாக யாரும் சொல்ல வேண்டாம். சுனாமிக்குப் பிறகு எங்கள் கரையில் எழும்பிய சீமெந்துக் கல் வீடுகள், ஒழுங்காகப் பூசிய சுவர்கள், இவற்றுக்குத் தாராளமாக அடிக்கலாம், பூச்சு போட்டு ஒரு மாதமாவது ஆறவிட்டு அடியுங்கள். நான் பயப்படுவது பழைய, மெதுவான, உப்பு ஊறிய செங்கல்லுக்கு மேல் நேராக அடிப்பதைத்தான். கரடுமுரடான கல் பெயின்ற்றைக் குடிக்கிற குடியும் கொஞ்சமில்லை, வழவழப்பான பூச்சில் ஒரு லீற்றர் 10 சதுர மீற்றருக்கு மேல் பிடிக்கும், செங்கல்லில் அந்தக் கணக்கு எடுபடாது. அடித்துவிட்டால் பிறகு சில வருடத்துக்கு ஒருமுறை அடித்துக்கொண்டே இருக்க வேண்டும், அந்தச் செலவு மகள் தலையில். புதுக் குடும்பம் தொடங்குகிற பிள்ளைக்கு அதையும் சேர்த்துக் கொடுக்க எனக்கு மனமில்லை.

சரி, தங்கச்சியின் காசை என்ன செய்கிறோம்? வாங்கினேன், வேண்டாம் என்று சொல்லவில்லை. முதல் வேலை பீலி. வடக்குப் பக்கம் பீலியே இல்லாமல் தாவாரத் தண்ணீர் நேரே நிலத்தில் விழுந்து சுவரில் தெறிக்கிறது, அந்தத் தெறிப்பு படுகிற உயரத்துக்குத்தான் கல்லும் அரிக்கப்பட்டிருக்கிறது. சுவரோடு ஒட்டப் போட்ட சீமெந்து நடைபாதையை ஒரு முழ அகலத்துக்கு வெட்டி எடுத்து அந்த இடத்தில் சல்லிக்கல் போடுகிறோம், தண்ணீர் தெறிக்காமல் இறங்கும். பூச்சாடிகள் சுவரை விட்டுத் தள்ளிப் போகின்றன. அடுத்தது கல்லுக்கு இடையில் உதிர்ந்த சாந்தைச் சுரண்டிப் புதிதாக அடைப்பது. இதில் மேசனோடு கொஞ்சம் வாக்குவாதம் வந்தது, அவர் தனிச் சீமெந்து மணலில் அடைத்தால்தான் பலம் என்றார். கல் மெதுவாக இருக்க, இடையில் சாந்து கடுமையாக இருந்தால் ஈரம் கல்லால்தான் வெளியேறும், தேய்வதும் கல்தான். ஒரு பங்கு சீமெந்து, ஒரு பங்கு சுண்ணாம்பு, ஆறு பங்கு ஆற்றுமணல், நல்ல தண்ணீர் என்று பேசி, கடைசியில் ஒரு மூலையில் செய்துகாட்டச் சொன்னேன். செய்து பார்த்துவிட்டு அவரே, கலவை கையில் நன்றாக இழுபடுகிறது என்றார். முகம் போன கற்களை மட்டும் கொத்தி எடுத்து, பின்வளவில் மிஞ்சிக் கிடக்கிற பழைய கற்களை அந்த இடங்களில் வைக்கப் போகிறார்.

பெரியம்மாவுக்காக முன் விறாந்தை, தூண்கள், யன்னல் நிலைகள் எல்லாம் புதுப் பெயின்ற். நிறம் மகள் தெரிவு செய்தது, இளம் மஞ்சள். யன்னலுக்குக் கடும்பச்சை, அது தங்கச்சியின் தெரிவு. பக்கச் சுவர்களைப் பாசி போகத் தேங்காய்த் தும்பால் தேய்த்து, கம்பிப் பிரஷ் படாமல் பார்த்துக்கொண்டு, சிவப்பாகவே விடுகிறோம். மேசன் சாந்து அடைத்துக் காட்டிய அந்த மூலையை மட்டும் பெரியம்மாவைக் கூட்டிப்போய்க் காட்டினேன். "கோடெல்லாம் நேரா இருக்குத்தான்" என்றா. மாப்பிள்ளை வீட்டுக்காரருக்கு அவவே விளக்கம் சொல்லுவா என்று நினைக்கிறேன். மேசன் பங்குனிக் கடைசியில் பீலி வேலையைத் தொடங்குகிறார், சாந்து வேலை ஆனியில்.