ஏலாக்குறிச்சி மண்ணும் எங்க ஊர் குடிலும்

போன வருசம் திருவருகைக் காலம், அதாவது கிறிஸ்மஸுக்கு முந்தின நாலு வாரம், அதுல ரெண்டாவது வாரத்துல அப்பாவுக்கு ஸ்ட்ரோக் வந்துச்சு. எங்க ஊர் கோயில்ல முப்பது வருசமா குடில் கட்டுறது அப்பாதான், அன்னைக்கும் குடிலுக்கு மூங்கில் வெட்டிக் கொண்டாந்து போட்டுட்டு கை கழுவப் போன இடத்துல அப்படியே சாஞ்சுட்டாரு. இடது கை, இடது கால் விழுந்துருச்சு, பேச்சும் குழற ஆரம்பிச்சுருச்சு. ஐசியூ வாசல்ல உக்காந்து அம்மா வேண்டிக்கிட்டது ஒண்ணே ஒண்ணுதான். ஏலாக்குறிச்சி அடைக்கல மாதாவே, இந்தக் கை திரும்பி வந்தா அடுத்த குடிலை உன் கோயில் மண்ணுலதான் கட்டுவோம், குடில்ல வைக்கிற பாலன் இயேசு சுரூபத்தையும் உன் பாதத்துல வச்சு மந்திரிச்சுத்தான் எடுத்துட்டுப் போவோம்.

ஏன் மண்ணுன்னு எங்க பக்கத்து ஆளுங்களுக்குச் சொல்ல வேண்டியதில்ல. அந்தக் காலத்துல அரியலூரை ஆண்ட மழவராயருக்கு ராஜபிளவைங்கற கொடிய கட்டி வந்து வைத்தியம் எல்லாம் கைவிட்டப்ப, வீரமாமுனிவர் மாதாவை வேண்டி அந்த மண்ணைக் குழைச்சுப் பூசித்தானே குணமாச்சு. பாட்டி சொல்லிச் சொல்லி வளர்ந்தவங்க நாங்க.

பிசியோதெரபி, எண்ணெய் தடவுறதுன்னு வருசம் ஓடிப்போச்சு. கால் வந்துச்சு, கை தோள் வரைக்கும் தூக்க வந்துச்சு, விரல் மட்டும் மடங்கல. முழுசா சரியாகட்டும் அப்புறம் போலாம்னு நான் சொன்னேன், அம்மா கேக்கல. வந்த வரைக்கும் அவ கொடுத்ததுதானேன்னுட்டாங்க. சரின்னு திருவருகைக் காலம் நாலாவது ஞாயிறு, டிசம்பர் 21, விடிகாலையிலேயே கிளம்பினோம். மழை வேற. திருவையாறுலயே பஸ் ரொம்பிருச்சு, அம்மா மடியில டவல் சுத்தின குழந்தை இயேசு சுரூபம். கண்டக்டர் கூட்டத்துல நசுங்கிக்கிட்டே வந்து "குழந்தைக்கு எத்தனை வயசும்மா?"ங்கறாரு. அம்மா சிரிக்காம "இன்னும் பொறக்கல தம்பி, இருபத்தஞ்சாந்தேதிதான்"னாங்க. டவலை விலக்கிக் காமிச்சதும் அந்த மனுசன் சிரிச்ச சிரிப்பு திருமானூர் வரைக்கும் நிக்கல, யாரையோ எழுப்பிவிட்டு அப்பாவுக்கு சீட்டும் வாங்கிக் குடுத்தாரு. கொள்ளிடம் பாலம் வந்ததும் அப்பா கும்பிடக் கையைத் தூக்கினாரு. வலது கை முன்னாடி போச்சு, இடது கை பின்னாடியே மெதுவா வந்து சேந்துச்சு.

இனிமே புலம்பல். திருமானூர்ல ஆட்டோக்காரர் மழையைக் காட்டி ரெட்டைக் காசு கேட்டாரு, குடுத்தோம். இறங்கினதும் மெழுகுதிரி விக்கிறவங்க சுத்திக்கிட்டாங்க, ஒருத்தரு அப்பாவோட இடது கையையே பிடிச்சு இழுத்து "கைக்குத்தானே ஐயா, வெள்ளிக் கை வாங்கிப் போடுங்க"ன்னாரு. பொழப்புதான், ஒத்துக்கிறேன். ஆனா வராத கையைப் பிடிச்சா இழுப்பாங்க? நான் கத்திட்டேன், பூசைக்குப் போற நேரத்துல கோவப்பட்டுட்டோமேன்னு அப்புறம் எனக்கே சங்கடமா போச்சு.

ஊதா உடுப்புல சாமியார், பீடத்துக்குப் பக்கத்துல நாலு மெழுகுதிரியும் எரியுது. அன்னைக்கு வாசகம் இயேசுவை வளர்த்த சூசையப்பர் கண்ட கனவு. பிரசங்கத்துல சாமியார் ஒண்ணு சொன்னாரு, நாலு நற்செய்தியையும் புரட்டினாலும் சூசையப்பர் பேசின ஒரு வார்த்தை கிடையாது, ஆனா இதே ஊர்ல வாழ்ந்த வீரமாமுனிவர் அந்தப் பேசாத மனுசருக்காக தேம்பாவணியில 3615 பாட்டு எழுதினாருன்னு. பேச்சு குழறுதுன்னு வருசம் பூரா வெளி ஆளுங்ககிட்ட வாயே திறக்காம இருந்த எங்க அப்பா என்னைத் திரும்பிப் பாத்தாரு. என்ன நெனச்சாரோ, நான் கேக்கல.

பூசை முடிஞ்சு மாதாகிட்ட போனோம். சாமியார் தீர்த்தம் தெளிச்சு மந்திரிச்சுட்டு அடுத்தவங்ககிட்ட போயிட்டாரு. அப்பா பாலனைப் பாதத்துல வச்சுட்டு எடுக்க மாட்டேங்கறாரு, பின்னாடி கூட்டம் தள்ளுது, நகருங்க நகருங்கன்னு சத்தம். எடுங்கப்பான்னு குனிஞ்சு பாத்தா இடது கை பாலனோட கையைப் பிடிச்சிருக்கு. ரொம்ப வருசத்துக்கு முன்னாடி அந்தச் சுரூபத்துல ஒரு விரல் ஒடஞ்சு, அப்பாதான் எம்-சீல் வச்சு ஒட்டினாரு. அந்த ஒட்டுப் போட்ட விரலைச் சுத்தி அப்பாவோட ரெண்டு விரல் மடங்கியிருந்துச்சு. நான் மடக்கிவிடல, அம்மாவும் மடக்கிவிடல. மாதாவே தாயே, அந்த நிமிசம் என்ன வேண்டினேன்னு கேட்டா சத்தியமா ஞாபகமில்ல, மரியே வாழ்கன்னு கத்தினேனாம், அம்மா சொல்றாங்க. டாக்டர்கிட்ட சொன்னப்ப நரம்பு கொஞ்சம் கொஞ்சமா வேலை செய்ய ஆரம்பிக்கும்னாரு. ஆகட்டும், நரம்பைக் குடுத்ததும் அவதானே.

வேலை பாக்குற அண்ணன்கிட்ட கேட்டுட்டு கோயில் ஓரத்துல ஒரு உரச்சாக்கு மண்ணு எடுத்துக்கிட்டோம்.

வீட்ல அப்பா மொத வாரமே குடில்ல வைக்கத் தட்டுல கேழ்வரகு விதைச்சிருந்தாரு, பச்சைப் பசேல்னு வந்திருந்துச்சு. ஏலாக்குறிச்சி மண்ணைக் குழைச்சு குடில் சுவரை ரெண்டு கையாலயும் பூசினாரு. வலது பக்கச் சுவரு நேரா இருந்துச்சு, இடது பக்கம் வளைஞ்சு வயித்தைத் தள்ளிக்கிட்டு நின்னுச்சு. கேரல்ஸ் பசங்க மட்டம் வச்சுச் சரி பண்ணித் தரோம்னானுங்க, பெரியவங்க யாரும் விடல.

எங்களுது கிளை ஊரு. ஒரே சாமியார் நாலு ஊருக்குப் பூசை வைக்கணும், அதனால கிறிஸ்மஸ் நடுச்சாமப் பூசை எங்களுக்கு ராத்திரி எட்டரைக்கே வந்துருச்சு, அதுலயும் மழையில வண்டி மாட்டி ஒம்போதேகால் ஆச்சு. நாலு வாரம் பாடாம இருந்த 'உன்னதங்களிலே' பாட்டு ஆரம்பிச்சதும் மணி அடிச்சுது, சாமியார் பாலனை முத்தம் குடுத்து அந்தக் கோணச் சுவருக்குப் பக்கத்துல வைக்கல மேல கிடத்தினாரு. முடிஞ்சதும் அவசரமா கிளம்பி அடுத்த ஊருக்குப் போயிட்டாரு.

மூணு ராஜாக்கள் திருநாள் கழிச்சு குடிலைப் பிரிச்சோம். மண்ணு பாதிச் சாக்கு மிச்சம் இருந்துச்சு, அம்மா அடுத்த வருசத்துக்கு ஆகும்னு கட்டி வைக்கப் போனாங்க. அப்பா வேண்டாம்னு தலையாட்டி வாழைக்கடியில கொட்டச் சொன்னாரு.

"புதுசா... போய் எடுத்துக்கலாம் பாப்பா."