ஆச்சி என்று கூப்பிட்டுவிட்டேன்

தூத்துக்குடி மாவட்டத்தில் ஒரு தாலுகா ஆபீசில், உதவித்தொகை மனுக்கள் வரும் மேசையில் சில வருடங்கள் இருந்தேன். முதியோர் உதவித்தொகை அப்போது மாதம் 1,200 ரூபாய். அதற்கு 60 வயது ஆகியிருக்க வேண்டும். அந்த மேசையில் உட்கார்ந்தால் முகத்தைப் பார்த்தே வயதைச் சொல்லும் பழக்கம் வந்துவிடும். எனக்கும் வந்தது.

ஐப்பசி அடைமழையில் ஓர் அம்மா வந்தார். மழை இறங்கினால் உப்பளத்தில் வேலை கிடையாது. தை பிறக்கும்வரை கையில் காசும் இருக்காது. "உக்காருங்க ஆச்சி" என்றேன். பாட்டி வயதுக்காரர்களை இங்கே அப்படித்தான் கூப்பிடுவோம். மனுவில் வயது 62. ஆதாரைப் பார்த்தால் 47.

"வயசை ஏன் கூட்டிப் போட்டிருக்கீங்க?" கொஞ்சம் அதட்டலாகத்தான் கேட்டேன்.

"எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது அண்ணாச்சி. வெளியே மனு எழுதுறவரு என் மூஞ்சியப் பாத்துப் போட்டாரு. அம்புட்டு இருக்கும்னுதான் நானும் நெனச்சேன்."

பொய் சொல்ல வந்தவர் இல்லை. தன் உடம்பைக் கேட்டு வயது சொன்னவர். 12 வயதில் தாயோடு அளத்துக்குப் போனாராம். வெயில் ஏறுமுன் வேலையை முடிக்க, இருட்டிலேயே கிளம்ப வேண்டும். பாத்தியிலிருந்து வாரிய உப்பைத் தலையில் சுமந்து கரையில் கொட்ட வேண்டும். வெயில் வந்துவிட்டால் வெள்ளை உப்பு கண்ணைக் கூசவைக்கும். கண்ணைச் சுருக்கிச் சுருக்கியே ஓரமெல்லாம் கோடு விழுந்திருந்தது. உள்ளங்காலில் வெடிப்பு. ரேஷன் கடை மிஷினில் ரேகையே பதிவதில்லை என்று விரல்களை விரித்துக் காட்டினார். கணவர் போய் ஒன்பது வருடம்.

எனக்கு அப்போது 39. என்னைவிட எட்டு வயது மூத்தவர் என்னை அண்ணாச்சி என்றார். எங்கள் பக்கம் அது மரியாதைச் சொல்தான், ஆனாலும் அன்றைக்கு உறுத்தியது. அப்பா இறந்து, கருணை அடிப்படையில் வேலைக்கு வந்தபோது எனக்கு 19. இரண்டு தங்கைகளின் கல்யாணம், அதற்கு வாங்கிய கடன், அம்மாவின் மருந்துச் செலவு. இருபதுகளில் என்ன செய்தேன் என்று யோசித்தால் எந்த மாதம் யாருக்கு வட்டி கட்டினேன் என்பதுதான் நினைவுக்கு வருகிறது. முப்பதுக்குள் தலை நரைத்துவிட்டது. இருந்தாலும் எனக்கு நாற்காலி இருந்தது, தலைக்கு மேல் மின்விசிறி ஓடியது. அவரோடு என்னைச் சேர்த்துப் பேச எனக்குக் கூச்சமாகவே இருக்கிறது.

சரி, கணவரின் இறப்புச் சான்று இருக்கிறதா என்று கேட்டேன். இருந்தது. ஆதரவற்ற விதவை உதவித்தொகைக்கு 60 வயது ஆகவேண்டியதில்லை. ஒன்பது வருடமாக அதை அவரிடம் ஒருவரும் சொல்லவில்லை. எங்கள் ஆபீஸ் ஆட்களும்தான். புது மனுவை நானே எழுதினேன். வயது என்ற இடத்தில் 47 என்று எழுதியதும், "அம்புட்டுதானா?" என்று கேட்டுவிட்டு அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்கப்புறம் அந்த மேசைக்கு வந்த யாரையும் நான் ஆச்சி என்று கூப்பிட்டதில்லை. எவ்வளவு நரைத்திருந்தாலும், "உக்காருங்க அக்கா."