நீலகிரியில் பள்ளிக் கண் முகாம்: கண்ணாடி குழந்தையின் மூக்கில் உட்காரும் வரை

நீலகிரியில் பள்ளிக் குழந்தைகளுக்குக் கண் பார்த்துக் கண்ணாடி கொடுக்க நினைக்கும் தன்னார்வக் குழு முதலில் நாள்காட்டியில் இரண்டு தேதிகளைக் குறிக்க வேண்டும். ஒன்று பரிசோதனை நாள். இன்னொன்று அதிலிருந்து மூன்று வாரத்துக்குள் கண்ணாடியோடு திரும்பிப் போகும் நாள். இரண்டாவது தேதிக்கு வண்டியும் ஆளும் உறுதியாகாவிட்டால் முதல் தேதியையே நாங்கள் வைப்பதில்லை. ஆள் போகாமல் பார்சலில் மட்டும் அனுப்பிய கண்ணாடிகள் பள்ளி பீரோவிலேயே கிடக்கும். எது யாருக்கு என்று ஆசிரியருக்குத் தெரியாது, காது பக்கம் வளைத்துச் சரிசெய்யவும் ஆள் இருக்காது.

தேதியை மழையைப் பார்த்துத்தான் வைக்க வேண்டும். கூடலூர், பந்தலூர், குந்தா பக்கம் தென்மேற்குப் பருவமழை கொட்டும். ஜூன் முதல் செப்டம்பர் வரை அங்கே முகாம் வைத்தால் பாதி நாள் மழை விடுமுறையில் போய்விடும். கோத்தகிரி, குன்னூர் பக்கம் அக்டோபர், நவம்பரில் மண்சரிவு பயம். அதனால் கோத்தகிரி, குன்னூர் பள்ளிகளை ஜூலை முதல் செப்டம்பருக்குள்ளும், கூடலூர் பக்கத்தை டிசம்பர் முதல் பிப்ரவரிக்குள்ளும் முடித்துவிடுகிறோம். மார்ச்சில் தேர்வு வந்துவிடும். உறைபனிக் காலத்தில் ஊட்டியில் காலை பத்து மணிக்கு முன் தொடங்காதீர்கள். விரல் விறைத்த பிள்ளைக்கு அட்டையில் கவனம் நிற்காது.

அனுமதிக் கடிதம் முதன்மைக் கல்வி அலுவலருக்கு, நகல் வட்டாரக் கல்வி அலுவலருக்கும் மாவட்டச் சுகாதார அலுவலருக்கும். எஸ்டேட் பள்ளி என்றால் எஸ்டேட் மேலாளருக்கும் ஒன்று. இதில் ஒரு வேலையை விடவே கூடாது. அரசின் ஆர்.பி.எஸ்.கே. நடமாடும் மருத்துவக் குழு ஆண்டுக்கு ஒருமுறை பள்ளிக்கு வருகிறது, பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவசக் கண்ணாடி தரும் கண்ணொளி காப்போம் திட்டமும் இருக்கிறது. அவர்கள் ஏற்கெனவே பார்த்த பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். ஒரே பிள்ளைக்கு வெவ்வேறு பவரில் இரண்டு கண்ணாடி போனால் வீட்டில் இரண்டின் மேலும் நம்பிக்கை போய்விடும். பெற்றோர் சம்மதப் படிவம் ஒரு வாரம் முன்பே போக வேண்டும். கூடலூர், பந்தலூரில் மலையாளப் படிவமும் சேர்த்துக் கொடுங்கள். படிக்கத் தெரியாத வீடுகளுக்கு ஆசிரியரோ அங்கன்வாடி அக்காவோ நேரில் போய்ச் சொல்ல வேண்டியிருக்கும்.

வண்டிக்குள்ளேயே கிளினிக் அமைத்த பெரிய பேருந்து மேட்டுப்பாளையம் - குன்னூர் சாலையின் 14 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி வந்துவிடும். அங்கிருந்து எஸ்டேட் தொழிலாளர்களின் லைன் வீடுகளுக்கோ ஹட்டிகள் எனப்படும் படுகர் ஊர்களுக்கோ இறங்கும் பாதையில் திரும்ப முடியாமல் நிற்கும். நாங்கள் ஜீப்பில் நான்கு பெட்டிகளோடு போய் வகுப்பறையில் கடை விரிக்கிறோம். ஒன்றில் பவர் பார்க்க மாற்றி மாற்றிப் போடும் லென்ஸ்களான ட்ரையல் செட், அவற்றைப் பொருத்தும் ட்ரையல் பிரேம், இரு கண்மணிகளுக்கு இடையிலான தூரத்தை (பி.டி.) அளக்கும் அளவுகோல். இரண்டாவதில் கண்ணுக்குள் ஒளி பாய்ச்சிப் பவர் பார்க்கும் ரெட்டினோஸ்கோப் இரண்டு, கண்ணின் உட்புறம் பார்க்கும் ஆப்தால்மோஸ்கோப், டார்ச், சார்ஜர், மின்சாரம் போனால் எடுக்க பேட்டரி விளக்கு. மூன்றாவதில் அட்டைகள், அளவு நாடா, படிவங்கள். நான்காவதில் மாதிரி பிரேம்கள். ட்ரையல் செட்டில் சிலிக்கா ஜெல் பை கட்டாயம். இந்த ஈரத்தில் மூடியே வைத்தால் ஒரே மழைக்காலத்தில் லென்ஸ் விளிம்பில் பூஞ்சை பிடித்துவிடும். கீழேயிருந்து மருத்துவர் வெளிமாவட்ட வண்டியில் வந்தால் நீலகிரிக்குள் நுழைய வேண்டிய இ-பாஸ் எடுத்துவிட்டாரா என்று முதல் நாளே கேளுங்கள். நீலகிரியில் பதிவான டி.என். 43 வண்டிக்கு அது வேண்டாம். பிரேமும் லென்ஸும் வரும் பிளாஸ்டிக் உறைகளைப் பள்ளியில் விடாமல் கீழே கொண்டுபோக ஒரு சாக்கு எப்போதும் வண்டியில் கிடக்கட்டும்.

குறை இருக்கக்கூடிய பிள்ளைகளை முதலில் சலித்தெடுக்கும் வேலையை நாங்கள் போகும் முன்பே ஆசிரியர்கள் செய்துவிடுவார்கள். ஒரு மணி நேரப் பயிற்சி போதும், ஆனால் எங்கே தவறும் என்பதைச் செய்து காட்ட வேண்டும். எழுத்துத் தெரியாத பிள்ளைகளும், பணியர், காட்டுநாயக்கர் பழங்குடிப் பிள்ளைகள்போல வேறு மொழி பேசி வளர்ந்தவர்களும் இருப்பதால் ஆங்கில E எழுத்து அட்டைதான் வசதி. அந்த E எழுத்தின் கால்கள் எந்தப் பக்கம் பார்க்கின்றன என்று பிள்ளை கையால் காட்டினால் போதும். 6 மீட்டர் அட்டையில் 6/9 வரிசை (நல்ல கண் 9 மீட்டரிலிருந்தே படிக்கும் வரிசை) எழுத்தின் உயரம் சுமார் 13 மில்லிமீட்டர். ஜெராக்ஸ் எடுத்த அட்டையில் அது 11ஆகவோ 15ஆகவோ மாறியிருக்கும். அளவுகோல் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் அட்டையைக் கொடுங்கள்.

தூரத்தில் வரும் தவறு இதைவிட மோசம். எஸ்டேட் பள்ளி அறைகள் சிறியவை. 6 மீட்டர் அட்டையை மாட்டி 3 மீட்டரில் பிள்ளையை நிறுத்திவிடுவார்கள். அங்கே 6/9 வரிசையைப் படிக்கும் பிள்ளையின் உண்மையான பார்வை 6/18ஆக இருக்கலாம். கண்ணாடி தேவைப்படும் பிள்ளை 'நார்மல்' என்று தாளில் பதிவாகி அடுத்த ஆண்டு வரை கரும்பலகை தெரியாமல் உட்கார்ந்திருக்கும். இடம் இல்லையென்றால் 3 மீட்டருக்கென்றே அச்சிட்ட அட்டையைக் கொடுங்கள். தரையில் சுண்ணாம்புக் கட்டியால் கோடு போட்டு, குதிகால் கோட்டில் இருக்க வேண்டும் என்று சொல்லுங்கள். பிள்ளைகள் எட்டிப் பார்க்க முன்னே சாய்வார்கள், அதையும் பார்க்க வேண்டும்.

வெளிச்சம் இங்கே தனிப் பிரச்சினை. வராண்டாவில் அட்டையை மாட்டினால் பதினொரு மணிக்குத் தெளிவாக இருக்கும், பதினொன்றரைக்கு மூடுபனி உள்ளே வந்து அட்டையே மங்கும். அந்த அரை மணியில் பார்த்த பிள்ளைகள் எல்லோரும் 'குறைபாடு' என்று வந்து நிற்பார்கள். அறைக்குள் வைத்து, பேட்டரி விளக்கை அட்டைமேல் மட்டும் விழும்படி பக்கவாட்டில் நிறுத்துங்கள். ஜன்னலுக்கு எதிரே அட்டை வேண்டாம்.

கண்ணை மூடும்போது விரல்களால் மூடினால் இடுக்கில் பார்த்துவிடுவார்கள். உள்ளங்கையைக் குழித்து மூடச் சொல்ல வேண்டும், அழுத்தக் கூடாது. வரிசையில் நிற்பவர்கள் விடையை மனப்பாடம் செய்வதால் ஒவ்வொரு பிள்ளைக்கும் அட்டையைத் திருப்பி மாட்டுகிறோம். ஒரு கண்ணில் மட்டும் குறையிருக்கும் பிள்ளை எந்தச் சிரமமும் சொல்லாது, நல்ல கண்ணாலேயே வகுப்பை ஓட்டிவிடும். ஒவ்வொரு கண்ணாகப் பார்ப்பது அதற்காகத்தான். நான்கு எழுத்தில் மூன்றைச் சரியாகக் காட்டாத பிள்ளை, கண் சுருக்கிப் பார்க்கும் பிள்ளை, தலையைச் சாய்க்கும் பிள்ளை, மாறுகண் உள்ள பிள்ளை எல்லோரும் பட்டியலில் வரட்டும். அதிகம் வந்தால் எங்களுக்கு வேலை கூடும், அவ்வளவுதான்.

முகாம் நாளில் முதலில் டார்ச் அடித்துப் பார்க்கிறோம். கருவிழி நடுவில் வெள்ளையாக மின்னினால் அந்தப் பிள்ளை வரிசையிலிருந்து அப்போதே வெளியே வர வேண்டும். கண்புரையாக இருக்கலாம், விழித்திரைப் புற்றாகவும் இருக்கலாம். அன்றே பெற்றோரோடு பெரிய மருத்துவமனைக்குப் போகவேண்டிய விஷயம் அது. அடுத்து +2.00 லென்ஸ் சோதனை. அதைப் போட்டும் 6/9 வரிசையைப் படித்துவிடும் பிள்ளைக்குக் கிட்டத்தில் பார்க்கச் சிரமம் தரும் பிளஸ் பவர் குறை மறைந்திருக்கக்கூடும். அட்டை மட்டும் வைத்துச் சலித்தால் இவர்கள் தப்பிவிடுவார்கள், படிக்கும்போது வரும் தலைவலிக்கு வேறு காரணம் தேடிக்கொண்டிருப்பார்கள்.

பவர் பார்ப்பது ஆப்டோமெட்ரிஸ்ட் கையில். கையடக்கக் கருவி வேகமாக எண் சொல்லும். ஆனால் பிள்ளை கருவிக்குள் உற்றுப் பார்க்கும்போது கண்ணின் தசை இறுகி, மைனஸ் பவர் இருப்பதைவிடக் கூடுதலாக வரும். அந்த எண்ணை அப்படியே எழுதிக் கண்ணாடி கொடுப்பது தவறு. ரெட்டினோஸ்கோப்பில் பார்த்து, கருவியைப் பிடிக்கும் 67 சென்டிமீட்டர் தூரத்துக்கு 1.50 கழித்து, பிறகு பிள்ளையிடம் கேட்டுச் சரிபார்ப்பதுதான் எங்கள் வழி. அதனால் ஓர் ஆப்டோமெட்ரிஸ்டுக்கு ஒரு நாளைக்கு 35 பிள்ளைகளுக்கு மேல் வைப்பதில்லை. நூறு பேரை ஒரே நாளில் பார்த்தோம் என்று அறிக்கை எழுதலாம், அதில் எத்தனை பவர் சரி என்பதுதான் கேள்வி.

மாறுகண் உள்ள பிள்ளை, +2.00 சோதனையில் சிக்கிய பிள்ளை, ஒவ்வொரு முறையும் வேறு விடை சொல்லும் பிள்ளை, இவர்களுக்குச் சொட்டு மருந்து விட்டுத்தான் பார்க்க வேண்டும். மருத்துவர் சொல்லி, பெற்றோர் சம்மதித்த பிறகு சைக்ளோபென்டோலேட் 1 சதவீதம் ஒரு சொட்டு, பத்து நிமிடம் கழித்து இன்னொரு சொட்டு, அதன்பின் 40 நிமிடம் காத்திருப்பு. நம் பிள்ளைகளின் கரும் விழியில் மருந்து மெதுவாகத்தான் ஏறும், அவசரப்பட்டு இருபதாவது நிமிடம் பார்த்தால் பாதி பவர்தான் தெரியும். சொட்டு விட்டதும் மூக்கை ஒட்டிய கண் ஓரத்தை ஒரு நிமிடம் அழுத்திப் பிடித்தால் மருந்து தொண்டைக்கு இறங்காது. முகம் சிவப்பதும் தூக்கம் வருவதும் உண்டு. உளறுவதுபோல் பேசினால் உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள்.

இந்த மருந்து விட்டால் ஒரு நாள் வரை எழுத்து மங்கும், வெயில் கூசும். நீலகிரியில் இதைச் சாதாரணமாக எடுக்க முடியாது. தேயிலைக் காட்டுக்குள் ஒற்றையடிப் பாதையில் நடந்து வீடு போகும் பிள்ளைகள் இவர்கள். பாதையில் காட்டுமாடு நிற்கும், கூடலூர் பக்கம் யானை நிற்கும். கண் மங்கிய பிள்ளையைத் தனியாக அனுப்பவே கூடாது. சொட்டு மருந்து காலை பதினொன்றுக்குள் முடிய வேண்டும், கூட்டிப் போக வீட்டு ஆள் வந்து நிற்க வேண்டும், தொப்பி கொடுக்க வேண்டும். ஆள் வராவிட்டால் மருந்து விடாமல் வேறு நாள் குறிக்கிறோம். உண்டு உறைவிடப் பள்ளியில் இந்தச் சிக்கல் இல்லை, விடுதிக் காப்பாளரிடம் அன்று மாலைப் படிப்பு வேண்டாம் என்று சொன்னால் போதும்.

சிறு பவருக்கெல்லாம் கண்ணாடி எழுதுவதில்லை. போட்டதும் அட்டையில் குறைந்தது இரண்டு வரிசை கூடுதலாகப் படிக்க வேண்டும், அல்லது மருத்துவர் வேறு காரணம் சொல்ல வேண்டும். சிலிண்டர் பவர் (ஒரு திசையில் மட்டும் தேவைப்படும் பவர்) உள்ள பிள்ளையை ட்ரையல் பிரேமோடு பத்து நிமிடம் நடக்கவிடுங்கள். தரை சாய்ந்து தெரியும் என்பார்கள். மலைப் பள்ளியில் எங்கும் படிக்கட்டுதான், அதில் ஒருமுறை ஏறி இறங்கச் செய்து பார்ப்பது நல்லது.

பிரேமைப் பிள்ளையே தேர்ந்தெடுக்கட்டும். நான்கு நிறமாவது கொண்டுபோங்கள். பெரியவர்களின் பிரேம் மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கினால் பி.டி. பொருந்தாது. பிள்ளைக்கு 54, லென்ஸின் மையம் 59 என்று வையுங்கள், ஒரு கண்ணுக்கு 2.5 மில்லிமீட்டர் விலகுகிறது. பவர் 4 டயாப்டர் என்றால் ஒவ்வொரு கண்ணிலும் காட்சியைப் பக்கவாட்டில் நகர்த்தும் விளைவு 1 பிரிசம் அளவு ஏறி, இரண்டும் சேர்ந்து 2 ஆகிவிடும். பிள்ளைக்குத் தலை வலிக்கும், கண்ணாடியைக் கழற்றி வைத்துவிடும், 'போட மாட்டேன் என்று அடம்' என்று வீட்டில் பழி விழும். இரண்டு கண்ணுக்கும் ஏறக்குறைய ஒரே பவர், சிலிண்டர் இல்லை, பி.டி.யும் பொருந்துகிறது என்றால் மட்டும் ரெடிமேட் கண்ணாடியை அன்றே கொடுக்கலாம். மற்றவர்களுக்கு ஆர்டர்தான். லென்ஸ் பாலிகார்பனேட்டாக இருக்கட்டும், பந்து பட்டாலும் எளிதில் சிதறாது.

ஆர்டர் தாளில் பிளஸ், மைனஸ் குறி மாறுவதும் வலது, இடது மாறுவதும் நடக்கும். ஒருவர் எழுதி இன்னொருவர் உரக்கப் படித்துக் கையெழுத்திட வேண்டும். கண்ணாடி வந்ததும் ஒவ்வொன்றையும் லென்ஸின் பவரை அளக்கும் லென்சோமீட்டரில் வைத்துப் பாருங்கள். மலை ஏறிய பிறகு தவறு தெரிந்தால் பிள்ளை இன்னும் ஒரு மாதம் காத்திருக்கும்.

கொடுக்கும் நாளில் கண்ணாடி போட்டபடி மறுபடியும் அட்டை. காதுப் பிடியை வளைத்து, குனிந்தால் நழுவாதபடி சரிசெய்து, பின்னால் எலாஸ்டிக் பட்டி மாட்டுகிறோம். குளிரிலிருந்து அறைக்குள் வந்ததும் லென்ஸில் ஆவி படியும், பிள்ளை ஸ்வெட்டர் நுனியால் தேய்க்கும், தூசி கீறிவிடும். ஆவி தானாகப் போகும் வரை பொறுக்கவும், அழுக்கென்றால் தண்ணீரில் அலசிப் பருத்தித் துணியால் ஒற்றவும் சொல்லிக் கொடுங்கள். ஆசிரியரிடம் சிறு ஸ்க்ரூ டிரைவரும் ஒரு பொட்டலம் ஸ்க்ரூவும் விட்டு வாருங்கள்.

அம்மாக்களை அன்று பள்ளிக்கு வரச் சொன்னால் ஒரு நாள் கூலி போகும். இலை எடை போட்டு முடிந்த மாலையிலோ ஞாயிறன்றோ லைன் வீட்டுக்கே போங்கள். "போட்டா பவர் ஏறிடுமாங்க?", "பொம்பளப் புள்ளைக்கு இப்பவே கண்ணாடியா?" இந்த இரண்டு கேள்வியும் வரும். "கண்ணாடி போடறதால பவர் ஏறாதுங்க அக்கா, பாப்பா வளர வளர கண்ணும் வளருது, அதான் மாறுது" என்று பொறுமையாகச் சொன்னால் கேட்டுக்கொள்கிறார்கள். அப்பாவும் பாட்டியும் உடனிருந்தால் இன்னும் நல்லது.

மூன்று மாதம் கழித்து, சொல்லாமல் ஒருமுறை பள்ளிக்குப் போகிறோம். போடாத பிள்ளைகளைத் திட்டாமல் தனியாகக் கேட்டால் காரணம் வரும்: உடைந்தது, காதுக்குப் பின்னால் புண், 'சோடாபுட்டி' என்று கேலி. முதல் இரண்டும் அங்கேயே சரியாகும். கேலிக்கு ஆசிரியர்தான் மருந்து, கண்ணாடி போட்ட ஆசிரியர் ஒருவர் இருந்தால் பாதி வேலை முடிந்தது. சோம்பேறிக் கண் உள்ள பிள்ளைக்கு நல்ல கண்ணை மறைத்து ஒட்டும் சிகிச்சையை மருத்துவர் சொல்லியிருந்தால், தினமும் நடக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதை வகுப்பிலேயே இரண்டு மணி நேரம் வைத்துக்கொள்ள ஆசிரியர் சம்மதித்தால் வீட்டைவிட ஒழுங்காக நடக்கும்.

மேல்சிகிச்சைக்கு ஊட்டி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ, கோவையில் அரவிந்த், சங்கரா மருத்துவமனைகளுக்கோ எழுதிக் கொடுத்தால் மட்டும் போதாது. பந்தலூரிலிருந்து கோவை போய் வரப் பேருந்துக் கட்டணமும் ஒரு நாள் கூலியும் சேர்ந்து தடுக்கின்றன. கட்டணத்தை முகாம் செலவிலேயே ஒதுக்கி, நான்கைந்து பிள்ளைகளைப் பெற்றோரோடு ஒரே நாளில் ஒரே வண்டியில் கூட்டிப் போகிறோம்.

பதிவேட்டில் ஒவ்வொரு பிள்ளையின் எமிஸ் எண்ணையும் (பள்ளிக் கல்வித் துறை தரும் மாணவர் அடையாள எண்) எழுதுங்கள். ஐந்தாம் வகுப்பு முடித்ததும் பலர் நடுநிலைப் பள்ளிக்கோ விடுதிக்கோ மாறிவிடுவார்கள், பவரும் ஆண்டுக்கு ஆண்டு மாறும். மே மாதம் அந்தப் பட்டியலைப் பிரித்துப் புதிய பள்ளியின் தலைமையாசிரியருக்குக் கொடுத்துவிட்டால், ஜூனில் முதல் அட்டையை எந்தப் பிள்ளைகளிடம் பிடிப்பது என்று அவருக்குத் தெரிந்திருக்கும்.