லினக்ஸில் டயல்-அப் மோடம்: இரண்டு பெட்டி, ஒரு பேட்டரி, 33,600

என் மேசையில் இரண்டு லினக்ஸ் கணினிகள் தொலைபேசிக் கம்பி வழியாக வினாடிக்கு 33,600 பிட் வேகத்தில் பேசிக்கொள்கின்றன. ஒன்று டெபியன் 12 ஓடும் மேசைக் கணினி, இன்னொன்று பழைய லேப்டாப். கணினியின் பிட்டுகளை ஒலியாக்கித் தொலைபேசிக் கம்பியில் அனுப்பும் மோடத்துக்கென்று டிரைவர் எதையும் இரண்டிலும் நிறுவவில்லை. இந்த நிலைக்கு வந்த வழியை எழுதி வைக்கிறேன். வீட்டுப் பரணில் பழைய மோடம் கிடப்பவர்கள் யாராவது எடுத்துத் தூசி தட்டினால் சந்தோஷம்.

எந்த மோடம் என்பதுதான் முதல் கேள்வி. பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும். என்னிடம் மதர்போர்டில் செருகும் ஒரு பிசிஐ மோடம் கார்டு ஏற்கெனவே இருந்தது. 1990களின் பிற்பகுதியிலிருந்து வந்த பிசிஐ மோடம்களில் பெரும்பாலானவை வின்மோடம் வகை. அந்தக் கார்டில் ஒலியை எண்ணாக மாற்றும் சில்லும், தொலைபேசிக் கம்பியோடு சேரும் பகுதியும் மட்டுமே இருக்கும். மோடத்தின் உண்மையான வேலையான கணக்கு முழுவதும் கணினியின் பிராசசர் தலையில். விலை மலிவானது அதனால்தான். அந்தக் கணக்கைப் போடும் மென்பொருள் விண்டோஸுக்கு எழுதப்பட்டது. லினக்ஸுக்கும் சில சில்லுகளுக்கு டிரைவர் வந்தது: லூசென்டுக்கு எல்டிமோடம், ஸ்மார்ட் லிங்குக்கு எஸ்எல்மோடம், கனெக்சன்டுக்கு லினக்ஸன்ட் என்ற நிறுவனம் தந்தது. ஆனால் இவற்றின் முக்கியமான பகுதி மூலநிரல் இல்லாத பைனரி. லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் மாற மாற அதைச் சுற்றியுள்ள நிரலைத் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும். உள்ளே இருக்கும் பைனரியை யாரும் திருத்த முடியாது. கெர்னலுக்குள் ஏற வேண்டிய 32 பிட் பைனரி 64 பிட் கெர்னலில் ஏறவே ஏறாது. உங்கள் கார்டு எந்த வகை என்று தெரிய ‘எல்எஸ்பிசிஐ’ என்ற கட்டளை போதும். வன்பொருள் மோடம் என்றால் பெரும்பாலும் ‘சீரியல் கன்ட்ரோலர்’ என்று வரும். ‘கம்யூனிகேஷன் கன்ட்ரோலர்’ என்றோ வெறும் ‘மோடம்’ என்றோ வந்தால் வின்மோடமாக இருக்கவே வாய்ப்பு அதிகம். என்னுடையது இரண்டாவது ரகம். கழற்றி வைத்துவிட்டேன்.

சீரியல் கம்பியில் மாட்டும் வெளிமோடத்தின் கதை வேறு. கணக்குப் போடும் சில்லு பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. கணினியிடம் அது கேட்பது ஒரு சீரியல் போர்ட்டையும் ஏடி கட்டளைகளையும் மட்டும்தான். 1981இல் ஹேஸ் நிறுவனம் 300 பிட் வேக ஸ்மார்ட்மோடத்தோடு கொண்டுவந்த கட்டளை முறை அது. தரவு போகிற அதே கம்பியில் கட்டளையும் போகும், பதிலும் அதிலேயே வரும். மற்ற நிறுவனங்களும் அதையே பின்பற்றியதால் இன்றைய கெர்னலுக்கும் அந்தப் பெட்டி அந்நியமில்லை. நான் இந்த வேலையில் இறங்கியதே இதற்காகத்தான்: பொது முறைக்குக் கட்டுப்பட்ட பொருள் எத்தனை காலம் தாங்குகிறது என்பதைக் கையால் தொட்டுப் பார்க்க வேண்டும் என்று ஆசை.

சென்னை ரிச்சி தெருவில் பழைய சாமான் விற்கும் ஒரு கடையில் இரண்டு வெளிமோடம் கிடைத்தன. “அடாப்டர் இல்ல சார், பரவாயில்லையா?” என்று கடைக்காரர் முதலிலேயே சொல்லிவிட்டார். இந்த இடத்தில் கவனம் வேண்டும். பழைய மோடம்களில் சிலவற்றுக்கு 9 வோல்ட் ஏசி தரும் அடாப்டர் தேவை, டிசி அல்ல. பெட்டியின் அடியில் இருக்கும் எழுத்தைப் படித்த பிறகே மின்சாரம் கொடுக்கவும்.

போர்ட் முதலில் பேசட்டும்

மேசைக் கணினியின் பின்பக்கம் சீரியல் துளை இல்லை. மதர்போர்டில் அதற்கான பத்துப் பின் உள்ள இணைப்பி மட்டும் இருந்தது. அதற்கான பட்டைக் கம்பி கடைகளில் கிடைக்கும், ஆனால் பின் வரிசை இரண்டு விதமாக வருகிறது. பார்க்க இரண்டும் ஒன்றுபோல இருக்கும். மல்டிமீட்டரை வைத்து மதர்போர்டு கையேட்டோடு ஒப்பிட்டுவிட்டுத்தான் மாட்டினேன். மோடத்தின் பக்கம் 25 பின், கணினியின் பக்கம் 9 பின். நடுவில் நேர்கம்பி போதும். இரண்டு கணினிகளை நேரடியாக இணைக்கிற குறுக்குக் கம்பி இங்கே உதவாது.

கெர்னல் பதிவில் ‘டிடிஒய்எஸ்0’ என்ற பெயரும் அருகில் ‘16550ஏ’ என்றும் தெரிந்தால் போர்ட் உயிரோடு இருக்கிறது. 16550ஏ என்பது 16 பைட் சேமிப்பு வரிசை உள்ள சீரியல் சில்லு. முந்தைய 8250 வகையில் அது இல்லை, அதனால் வேகம் கூடினால் எழுத்து தவறும். டெபியனில் உங்கள் பயனர் பெயரை ‘டயல்அவுட்’ குழுவில் சேர்த்துவிட்டு, வெளியேறி மறுபடி உள்ளே வாருங்கள். சீரியல் போர்ட்டோடு நேராகப் பேச உதவும் மினிகாம் நிரலில் வேகம் 115,200, வன்பொருள் ஓட்டக் கட்டுப்பாடு (‘பொறு’ என்பதைத் தனிக் கம்பியில் சொல்வது) உண்டு, மென்பொருள் ஓட்டக் கட்டுப்பாடு இல்லை என்று வைத்து, ‘ஏடி’ என்று அடித்து என்டர் தட்டினேன். ‘ஓகே’ என்று பதில் வந்தது. இருபது வருடத்துக்கு மேல் பழைய பெட்டி அது.

லேப்டாப்புக்கு யூஎஸ்பி-சீரியல் மாற்றி. எஃப்டிடிஐ, பிஎல்2303, சிஎச்340 எந்தச் சில்லானாலும் கெர்னலில் ஆதரவு இருக்கிறது. சில்லைவிடக் கம்பி முக்கியம்: மலிவான சிலவற்றில் அனுப்பும் கம்பி, பெறும் கம்பி, தரை மூன்று மட்டும் இருக்கும். மோடத்துக்கு ஓட்டக் கட்டுப்பாட்டுக்கான ஆர்டிஎஸ், சிடிஎஸ், இணைப்பின் நிலையைச் சொல்லும் டிடிஆர், டிசிடி கம்பிகள் எல்லாம் வேண்டும். இன்னொன்று, டெஸ்க்டாப் லினக்ஸில் ‘மோடம்மேனேஜர்’ என்ற பின்னணி நிரல் யூஎஸ்பி போர்ட்டைக் கண்டதும் தானே திறந்து கட்டளை அனுப்பிப் பார்க்கலாம். நாம் டயல் செய்யும் நேரத்தில் அது குறுக்கே வரக் கூடாது என்று நிறுத்தி வைத்தேன்.

எக்ஸ்சேஞ்ச் இல்லாத அழைப்பு

எங்கள் தெருவில் செம்புக் கம்பி போய் ஃபைபர் வந்துவிட்டது. அழைத்தாலும் எடுக்க எதிர்முனையில் மோடம் வேண்டும். அதனால் எக்ஸ்சேஞ்சை நடுவிலிருந்து எடுத்துவிட்டேன்: இரண்டு மோடம், நடுவே தொலைபேசிக் கம்பி, அதன் இரண்டு இழைகளில் ஒன்றை வெட்டி 9 வோல்ட் பேட்டரியும் 300 ஓமுக்கு ஒட்டிய ரெசிஸ்டரும் தொடராக. உண்மையான இணைப்பில் எக்ஸ்சேஞ்ச் 48 வோல்ட் வைத்திருக்கும். ரிசீவரை எடுத்ததும் சுமார் இருபது மில்லியாம்பியர் ஓடும். சில மோடங்கள் அந்த மின்னோட்டம் இல்லாமலே வேலை செய்யும், சிலவற்றுக்கு அது வேண்டும். பேட்டரி அதற்குத்தான்.

இந்தக் கம்பியில் டயல் டோன் கிடையாது. அதனால் அழைக்கும் மோடத்துக்கு ‘எக்ஸ்3’ கொடுக்க வேண்டும்: டோனுக்குக் காத்திருக்காதே என்று பொருள். நம் ஊரில் டயல்-அப் பயன்படுத்தியவர்களுக்கு இது பழக்கமான கட்டளை. அமெரிக்க டயல் டோன் 350, 440 ஹெர்ட்ஸ் இரண்டும் சேர்ந்தது; இந்தியாவுடையது 400 ஹெர்ட்ஸ் ஒலி 25 ஹெர்ட்ஸில் ஏறி இறங்குவது. அந்த ஊர்ச் சத்தத்தை எதிர்பார்த்த மோடம் இந்த ஊர்ச் சத்தத்தைக் கேட்டும் ‘நோ டயல்டோன்’ என்று சொல்லிவிடும்.

லேப்டாப்பில் ‘எடு’ என்னும் ‘ஏடிஏ’, மேசைக் கணினியில் ‘டயல் செய்’ என்னும் ‘ஏடிஎக்ஸ்3டி’. எண் எதுவும் வேண்டாம். ஸ்பீக்கரில் அந்தச் சத்தம் வந்தது.

அந்தச் சத்தத்தைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல ஆசைப்படுகிறேன். வழக்கமாக இணைப்பு பிடித்ததும் ஸ்பீக்கர் அணைந்துவிடும். ‘எம்2’ கொடுத்தால் அணையாது, முழுவதும் கேட்கலாம். முதலில் நீளமாக வருவது பதில் சொல்லும் மோடத்தின் 2,100 ஹெர்ட்ஸ் ஒலி. அதனிடையே 450 மில்லிவினாடிக்கு ஒருமுறை ஒரு சின்ன வெட்டு கேட்கும். அலை அங்கே தலைகீழாகத் திரும்புகிறது. தொலைபேசி வலையில் எதிரொலியை அழிக்கும் கருவிகளுக்கு “கொஞ்சம் விலகி நில்” என்று சொல்லும் அடையாளம் அது. பிறகு இரண்டும் 300 பிட் வேகத்தில் “உனக்கு என்ன முறையெல்லாம் தெரியும்” என்று கேட்டுக்கொள்கின்றன. அடுத்து வரும் கோரஸ் போன்ற ஒலிதான் எனக்கு மிகவும் பிடித்தது. 150 ஹெர்ட்ஸிலிருந்து 3,750 வரை, 150 ஹெர்ட்ஸ் இடைவெளியில், ஒரு சிலவற்றை மட்டும் விட்டுவிட்டுப் பல ஸ்வரங்களை ஒரே நேரத்தில் அனுப்பி, எந்த ஸ்வரம் எவ்வளவு தேய்ந்து போய்ச் சேருகிறது என்று எதிர்முனை அளக்கிறது. கம்பியின் குணத்தை அறிந்த பிறகே வேகம் முடிவாகும். கடைசியில் வரும் இரைச்சல், ஒரே ஜோடிக் கம்பியில் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் பேசுவதற்காக, தன் குரலின் எதிரொலியைக் கழித்துக்கொள்ளப் பழகும் பயிற்சி. இதெல்லாம் 1994இல் வந்த வி.34 முறை, 28,800 வரை முதலில், 1996இல் 33,600 வரை.

திரையில் ‘கனெக்ட் 115200’ என்று வந்தது. அது போர்ட்டின் வேகம், கம்பியின் வேகம் அல்ல. ராக்வெல் வகைச் சில்லுகளில் ‘டபிள்யூ2’ கொடுத்தால் கம்பியின் வேகத்தைச் சொல்லும்: சில நேரம் 31,200, பெரும்பாலும் 33,600. பெட்டியில் 56கே என்று அச்சிட்டிருக்கிறதே என்று கேட்கலாம். வி.90 முறையின் அந்த வேகத்துக்கு ஒரு முனை எக்ஸ்சேஞ்சோடு டிஜிட்டலாகவே இணைந்திருக்க வேண்டும். இரண்டு முனையும் அனலாக் என்றால் 33,600தான் உச்சம். ஒரு பக்கம் அடித்த எழுத்து மறுபக்கத் திரையில் வந்து விழுந்தது.

பிபிபி

பிட்டுகள் ஓடினால் மேலே ஐபி ஏற்றுவது சுலபம். இரு முனை இணைப்பில் இணையப் பாக்கெட்டுகளை அனுப்பும் முறைதான் பிபிபி. கம்பியில் மணி அடிக்க யாருமில்லை என்பதால் இரண்டு பக்கமும் அதை நடத்தும் ‘பிபிபிடி’ நிரலையே, மோடத்தோடு கட்டளை பேசும் ‘சாட்’ நிரலின் துணையோடு ஓடவிட்டேன். ஒரு பக்கத்து சாட் ‘ஏடிஏ’ அனுப்பும், மறுபக்கத்தது ‘ஏடிஎக்ஸ்3டி’ அனுப்பும், இரண்டும் ‘கனெக்ட்’ என்ற சொல்லுக்குக் காத்திருக்கும். மேசை அளவிலான சோதனை என்பதால் ‘நோஆத்’, அதாவது எதிர்முனை யாரென்று சரிபார்க்காதே. கூடவே ‘சிஆர்டிஎஸ்சிடிஎஸ்’, ‘மோடம்’, ‘லாக்’, இரண்டு ஐபி எண்கள். ‘டீபக்’, ‘நோடிடாச்’ சேர்த்தால் நடப்பதெல்லாம் கண்முன் தெரியும்.

பதிவில் ‘லூப்டு பேக்’ என்று வந்தால் பதற வேண்டாம். ஒவ்வொரு பக்கமும் தன் முதல் பாக்கெட்டில் ஒரு தற்செயல் எண்ணைப் போட்டு அனுப்பும். அதே எண் திரும்பி வந்தால் பேசுவது தன்னோடுதான் என்று பிபிபிடி கண்டுகொள்ளும். பெரும்பாலும் இணைப்பு அறுந்து மோடம் கட்டளை நிலைக்கு வந்து, அனுப்பியதையெல்லாம் எதிரொலித்துக்கொண்டிருக்கும். மோடத்தில் ‘&சி1’, ‘&டி2’ இருக்கிறதா என்று பாருங்கள்; அப்போதுதான் இணைப்பு அறுந்தது டிசிடி கம்பி வழியாகக் கணினிக்குத் தெரியும், கணினி டிடிஆரை இறக்கினால் மோடமும் வைத்துவிடும்.

பிங் 150 மில்லிவினாடிக்கு மேல் காட்டுகிறது. இரண்டு பெட்டிக்கும் நடுவே ஒரு முழம் கம்பிதான். தாமதம் முழுவதும் மோடம்களின் கணக்கிலும் வரிசையிலும் போவது. 1,500 பைட் பாக்கெட் ஒன்று இந்தக் கம்பியைக் கடக்க மூன்றில் ஒரு வினாடிக்கு மேல் ஆகிறது. கோப்பு போகும்போது, மறுமுனைக் கணினியில் கட்டளை அடிக்க உதவும் எஸ்எஸ்எச்சில் ஓர் எழுத்து அடித்தால் அதன் பின்னால் நிற்க வேண்டும். பாக்கெட்டின் உச்ச அளவான எம்டியுவை 576 பைட்டாகக் குறைத்தபின் தட்டச்சு செய்யவே சுகமாகிவிட்டது.

தமிழ்க் கோப்பு

இந்த வேலையில் எனக்கு அதிகம் கிடைத்தது இங்கேதான். 33,600 பிட் என்றால் வினாடிக்குச் சுமார் நான்கு கிலோபைட். ஒரு மெகாபைட்டுக்கு நான்கு நிமிடத்துக்கு மேல். ஆனால் மோடத்துக்குள் வி.42பிஸ் என்ற சுருக்கும் முறை இருக்கிறது. அதைத் தனியாகப் பார்க்க பிபிபியின் சொந்தச் சுருக்கத்தை ‘நோசிசிபி’ கொடுத்து அணைத்தேன். சுருக்கிய படக் கோப்பு நான்கிலேயே நின்றது. தமிழ் இலக்கியங்களை மின்னுரையாக வெளியிடும் மதுரைத் திட்டத்தின் யூனிகோடு உரைக் கோப்பு ஒன்றை, தரவை அப்படியே அனுப்பும் நெட்கேட்டில் அனுப்பினேன். இரண்டு மடங்குக்கு மேல் ஓடியது.

காரணம் யூடிஎஃப்-8இல் இருக்கிறது. அதில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட். முதல் பைட் எப்போதும் ஒன்றே, இரண்டாவது இரண்டில் ஒன்று. திரும்பத் திரும்ப வருவதைச் சுருக்குவது அகராதி முறைக்கு எளிது. போர்ட்டை 115,200இல் வைக்கச் சொல்வதும் இதனால்தான்: போர்ட் 33,600ஆக இருந்தால் சுருக்கியதன் பலன் போர்ட்டிலேயே அடைபட்டுப்போகும்.

1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம், யூனிகோடு பரவுமுன் ஒரு பைட் குறியேற்றமான டிஸ்கியிலும் கோப்புகளை வெளியிட்டது. அதே உரையை டிஸ்கியாக மாற்றி அனுப்பிப் பார்த்தேன். கோப்பின் அளவு மூன்றில் ஒரு பங்கு என்றாலும் நேரம் ஏறத்தாழப் பாதிக்குத்தான் குறைந்தது. மீதியை மோடம் யூனிகோடுக்கு ஏற்கெனவே ஈடுகட்டியிருந்தது. மறையாக்கி அனுப்பும் எஸ்சிபி வழியாக அனுப்பினால் இந்த லாபம் மொத்தமும் போய்விடுகிறது. மறையாக்கிய தரவில் திரும்ப வருவது என்று எதுவும் இல்லை. இன்றைய இணையதளங்கள் பெரும்பாலும் மறையாக்கத்தில் வருவதால் வி.42பிஸ் அவற்றுக்கு ஒன்றும் செய்ய முடியாது.

இப்போதைய நிலை

பேட்டரியை எடுத்துவிட்டு, இரண்டு தொலைபேசித் துளை உள்ள இணையத் தொலைபேசி மாற்றி ஒன்றை நடுவில் வைத்திருக்கிறேன். ஒலியை எண்ணாக்க ஜி.711 கோடெக், எதிரொலி நீக்கம் இல்லை, மௌன நீக்கம் இல்லை, பாக்கெட்டுகள் சீரற்று வருவதைச் சமன்செய்யும் ஜிட்டர் பஃபர் நிலையான அளவு. வி.34இல் பிடிக்கிறது, ஆனால் அவ்வப்போது பேச்சை நிறுத்தி மறுபடி பயிற்சிக்குப் போகிறது. வி.32பிஸ் முறைக்கு, அதாவது 14,400க்கு, இறக்கிவைத்தால் இரவு முழுக்க அசையாமல் நிற்கிறது. இப்போது கம்பியில் மணியும் வருகிறது. அதனால் லேப்டாப் பக்கம் அழைப்பை எடுக்கும் நிரலான எம்ஜெட்டியை ஏற்றிவிட்டேன்: மணி கேட்டால் எடுக்கிறது, வருவது பிபிபி பாக்கெட் என்று தெரிந்தால் தானே பிபிபிடியை எழுப்புகிறது. அதே எம்ஜெட்டியோடு ஃபேக்ஸ் அனுப்பும் நிரலும் வருகிறது. அடுத்து ஒரு தமிழ்ப் பக்கத்தை ஃபேக்ஸாக அனுப்பிப் பார்க்க வேண்டும்.